சிகரெட்டை விட்ட பிறகு வரும் தவிப்பைச் சமாளிக்க, கூட விடுகிற ஆள் ஒருவர் இருந்தால் உண்மையில் உதவுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: ஓசூரில் வேலை. சிகரெட்டை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. டீக்கடைப் பக்கம் போனாலே கை பரபரக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இதே முயற்சியில் இருக்கிற இன்னொருவர் துணைக்கு இருந்தால் பலன் உண்டா, இல்லை அதெல்லாம் பேச்சுக்குத்தானா?

பலன் உண்டுங்க. ஆனால் எப்படிப்பட்ட துணை என்பதைப் பொறுத்தது அது. நான் கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்குப் போய் வருகிறவன். எங்கள் பஸ்ஸில் மூன்று பேர் ஒன்றாக விட்டோம். நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணா ஒருவர், சூளகிரியில் ஏறுகிற தம்பி ஒருவன். நான் மருத்துவன் இல்லை. பட்டதையும், அந்தச் சமயத்தில் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பரபரப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் இருக்கிற நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் பழகினவனுக்கு ஒன்று முடிந்து கொஞ்ச நேரத்திலேயே அடுத்தது தேவைப்படுகிறது. விட்ட பிறகு 2, 3ஆம் நாள்தான் உச்சம். காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கலைவது, ஓயாத பசி, மலச்சிக்கல், வேலையில் கவனம் நிற்காதது எல்லாம் வரும். சிலருக்கு இருமல்கூட முதலில் கொஞ்சம் கூடும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் அடங்கிவிடும். இது நாள் கணக்கு. ஆனால் ஒரு தடவை எழும்புகிற தவிப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் 5 நிமிடம், மிஞ்சினால் 10 நிமிடம். அதற்குள் பற்ற வைக்காமல் இருந்துவிட்டால் அது தானாக இறங்கும். கூட ஒரு ஆள் வேண்டியது இந்த 5 நிமிடத்துக்குத்தான். வாழ்க்கை பூராவுக்கும் உறுதி எடுக்க வைக்கிற ஆள் நமக்குத் தேவையே இல்லை.

டீக்கடை விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே பைபாஸில் வந்து நிற்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த நேரத்தில் திறந்திருப்பது டீக்கடை ஒன்றுதான். கம்பத்தில் கயிறு கட்டி லைட்டர் தொங்கும். எங்கள் முகத்தைப் பார்த்தாலே கடைக்காரர் டம்ளர் பக்கத்தில் சிகரெட்டையும் எடுத்து வைத்துவிடுவார், கேட்கவே வேண்டாம். நாங்கள் விட முடிவு செய்ததும் அண்ணா நேராகக் கடைக்காரரிடம் போய், “நாங்க மூணு பேரும் கேட்டாலும் குடுக்காதீங்க” என்றார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “காசு குடுத்தா நான் குடுப்பேங்க. வேணாம்னா நீங்க கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்! அவர் பிழைப்பு அது.

அதனால் அண்ணா மறுநாளிலிருந்து வீட்டில் போட்ட டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்தார். பஸ் ஏறின பிறகுதான் மூடியைத் திறப்பார். பஸ்ஸுக்குள் பற்ற வைக்க முடியாது இல்லையா? பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற சட்டம் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் திட்டுகிற திட்டே போதும். டீயும் சிகரெட்டும் இப்படித்தான் பிரிந்தன. நீங்கள் டீயையே விட வேண்டியதில்லை. குடிக்கிற இடத்தை மாற்றினால் போதும்.

டீயைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. சிகரெட் புகையில் இருக்கிற சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, டீ காபியில் இருக்கிற காஃபீனை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்ற வைக்கும். புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்துவிடும். அதே நாலு டீயைக் குடித்தாலும் காஃபீன் இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரித் தூக்கம் வராதது என்று இருந்தால் அத்தனையும் நிகோட்டின் இல்லாத குறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதி உங்கள் டீயாக இருக்கும். எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், முக்கியமாக மாலைக்கு மேல்.

இனி துணைக்கு வருவோம். எங்கள் லைனில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தவிப்பு வந்தால் யாரையும் கூப்பிட வழியில்லை. அண்ணா ஃபோர்க்லிஃப்ட்டில் என் மெஷின் பக்கமாகப் போகும்போது ஹாரனை ரெண்டு தடவை லேசாகத் தட்டுவார். ‘எப்படிப் போகுது?’ என்று கேட்கிறார் என்று அர்த்தம். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். சில நேரம் காட்ட மாட்டேன். அப்படிக் காட்டாத நாளில் பிரேக் மணி அடித்ததும் அவர் என் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். “வா, தண்ணி பிடிச்சிட்டு வரலாம்” என்பார். கேன் இருக்கிற இடத்துக்கு நடந்து போய், ஒரு பாட்டிலை நிரப்பி, அதில் பாதியைக் குடித்துவிட்டுத் திரும்பினால் பிரேக்கே முடிந்திருக்கும். கேட்டுக்கு வெளியே போய்ப் பற்ற வைத்துவிட்டு வர நேரம் மிச்சம் இருக்காது. அவர் கணக்கே அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டில் இருக்கும்போது ஃபோன். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்துக்கொண்டோம்: கூப்பிட்டால் எடுக்க வேண்டும், எடுத்தால் புத்தி சொல்லக் கூடாது. புற்றுநோய் வரும், பிள்ளைகளை நினைத்துப் பார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாததா? பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் படம் போட்டுத்தான் விற்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டேதானே வாங்கினோம். தம்பி வீட்டில் தக்காளி போட்டிருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் ராயக்கோட்டை மார்க்கெட்டில் பெட்டி என்ன விலைக்குப் போனது, கூலிக்குக் கொடுத்தது போக என்ன மிஞ்சியது என்று புலம்ப ஆரம்பித்துவிடுவான். கேட்டுக்கொண்டே இருப்பேன். ஃபோனை வைக்கும்போது எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்திருக்கும். தவிப்பு வருகிற நேரத்தில் மண்டைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தக்காளி விலையைவிடச் சிறந்த அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை.

வாட்ஸப் குழு வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஆள் சேரச் சேர குட்மார்னிங் பூவும் சாமி படமும் வந்து நிறைந்துவிடும். நிஜமாகவே தவிக்கிறவன் ‘முடியலடா’ என்று போட்ட செய்தி அதற்குள் எங்கேயோ புதைந்து போகும். என்னைக் கேட்டால் ரெண்டு பேர், மூன்று பேர் போதும்.

இதை வெறும் அனுபவம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஃபிரமிங்காம் என்ற ஊரில் இதயநோய் ஆய்வுக்காகப் பல பத்தாண்டுகளாக மக்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தரவில், 1971 முதல் 2003 வரை 12,067 பேருடைய புகைப் பழக்கம் அவர்களுடைய உறவு, நட்பு வட்டத்தில் எப்படி மாறியது என்று பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். ஜனங்கள் தனித்தனியாக விடவில்லை, கூட்டம் கூட்டமாகத்தான் விட்டிருக்கிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருக்கிறது, நண்பர் விட்டால் 36 சதவீதம், சின்ன நிறுவனத்தில் கூட வேலை செய்கிறவர் விட்டால் 34 சதவீதம். தம் பழக்கம் பெரும்பாலும் யாரோ ஒருவர் நீட்டித்தான் ஆரம்பிக்கிறது. போவதும் அதே வழியில்தான் போகும் போல.

வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அன்பு இல்லாமல் இல்லை, அன்பு அதிகமாக இருப்பதுதான் சிக்கல். வீட்டுக்காரம்மா சாயங்காலம் கதவைத் திறந்ததும், “எங்க, ஊதுங்க பாக்கலாம்” என்று நிற்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மேல் பட்ட வாசனைக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். புகைத்தே பழகாதவர்களுக்கு ‘ஒண்ணே ஒண்ணு’ என்கிற இழுப்பு புரியாது. வீட்டில் கேட்க வேண்டியது வேறு உதவி. கொறிக்க ஏதாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வறுத்த கடலையும் வெள்ளரிக்காயும் இருக்கும். நிப்பட்டு டப்பாவை மட்டும் எனக்கு எட்டாத பரணில் தூக்கி வைத்துவிட்டார்கள். விட்ட முதல் வருஷத்தில் 4, 5 கிலோ ஏறுவது சகஜம். அதற்குப் பயந்து மறுபடி ஆரம்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

சறுக்கினால் என்ன செய்வது? அண்ணா சறுக்கினார். சொந்தத்தில் ஒரு சாவு. எழவு வீட்டில் ராத்திரி பூராவும் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தபோது ஒருவர் நீட்ட, வாங்கிவிட்டார். அடுத்த நாள் பஸ்ஸில் ஃபிளாஸ்க்கைத் திறக்கும் முன்பே அவராகச் சொன்னார். தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பாக்கெட் வாங்கினீங்களாண்ணா?” “இல்லடா, ஒண்ணுதான்.” “அப்ப விடுங்க, டீயை ஊத்துங்க.” வேறு யாரும் எதுவும் பேசவில்லை. அந்த இடத்தில் நான் ஏதாவது நக்கலாகப் பேசியிருந்தால் அடுத்த தடவை அவர் மறைத்திருப்பார், மறைக்கத் தொடங்கினவர் பழைய கணக்குக்கே போயிருப்பார். ஒன்று குடித்துவிட்டதால் எல்லாமே போச்சு என்று ஆகாது. ஆனால் ‘எப்படியும் கெட்டுப்போச்சு, இன்னொண்ணு’ என்று தோன்றும். அந்த நேரம்தான் ஆபத்து. உங்கள் துணை ஆளிடம் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுத் துணை மட்டும் போதாதவர்களும் உண்டு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிற ஆள் நீங்கள் என்றால் உங்கள் உடம்பு நிகோட்டினில் ஆழமாக ஊறியிருக்கிறது என்று அர்த்தம். நிகோட்டின் கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று ரெண்டு அளவில் வருகிறது. உங்களுக்கு எது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது. தம்பி முதலில் அதைச் சாதாரணச் சூயிங்கம் என்று நினைத்து விடாமல் மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலுமாகத் தவித்தான். மெதுவாக மென்று, காரம் நாக்கில் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது, வாயில் இருக்கும்போதும் கூடாது. குடித்தால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. ‘கம் வேலையே செய்யல’ என்று சொல்கிறவர்களில் பலர் டீயோடு சேர்த்துப் போட்டவர்களாக இருப்பார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம் பார்க்கிறேன். சிகரெட்டை விடுகிறேன் என்று உதட்டுக்குள் பொட்டலம் ஒதுக்க ஆரம்பிக்கிறார்கள். லைனில் நின்றபடியே போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி. அதிலும் இருப்பது புகையிலைதான், நிகோட்டின்தான், வாய்ப் புற்றுநோய் கூடுதல். பெரியவர்கள் சொல்கிற ‘பீடிக்கு மாறிக்கோ, அது லேசு’ என்பதும் சுத்தப் பொய். இ-சிகரெட் நாட்டிலேயே 2019 முதல் தடை.

பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு இலவச எண் அச்சாகியிருக்கும், 2018இலிருந்து. படத்தைப் பார்க்க விரும்பாமல் திருப்பிப் பிடிக்கிறதால் நாம் எண்ணையும் பார்ப்பதில்லை. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் அது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அதற்கு மையம் உண்டு, தமிழில் பேசலாம். விடுகிற தேதியை உங்களோடு சேர்ந்து குறித்து, பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எரிச்சல் என்பதைத் தாண்டி மனசு ரொம்பவே இருண்டு போனால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மனாஸ், அதுவும் இலவசம்தான். இல்லை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் போய்ப் பாருங்கள், கூச்சப்பட எதுவும் இல்லை.

ஆளை எங்கே தேடுவது? கேட்டுக்கு வெளியே உங்களோடு நின்று புகைத்தவரிடமே கேளுங்கள். 2016-17இல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைக்கிறவர்களில் நூற்றுக்கு 55 பேர் விட வேண்டும் என்று யோசிப்பதாகவோ திட்டமிடுவதாகவோ சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்பதற்காகவே காத்திருக்கிறவர் யாராவது அங்கே இருப்பார். ‘நீயும் விடு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நான் விட்டிருக்கேன், கஷ்டமா இருக்கு, கூப்பிட்டா எடுப்பியா?’ என்று கேளுங்கள்.

ஆனால் ஒரே ஷிஃப்ட்டில் இருக்கிற ஆளாகப் பாருங்கள். ஷிஃப்ட் மாறினால் அந்த வாரத்துக்கு வேறு ஒருவரை முன்பே பேசி வைத்துவிடுங்கள். நைட் ஷிஃப்ட்டில் விடியற்காலை மூன்று மணி வாக்கில்தான் தவிப்பு அதிகம். வீட்டில் தூங்குகிறவரை அந்த நேரத்தில் எழுப்ப மனசு வராமல், கேட்டுப் பக்கம் நடந்துவிடுவீர்கள்.