ராட்சசனைப் பார்க்க வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

கேரத் எட்வர்ட்ஸின் ‘மான்ஸ்டர்ஸ்’ (2010) படத்தை நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வீட்டில் பார்த்தோம். குறைந்த செலவில் பயணக் காதல் படம் எடுக்க நினைப்பவர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று சொன்னார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள், ஒருவன் தூங்கியே போனான். முடிந்ததும் “என்னடா, பொசுக்குனு முடிஞ்சுபோச்சு” என்றார்கள். எனக்கும் ஒரு தோழிக்கும் மட்டும் மிகவும் பிடித்திருந்தது. இணையத்திலும் இதே நிலைமைதான். ஏமாற்று வேலை என்று திட்டுகிறவர்களும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், நடுவில் ஆளையே காணோம். ஏன் இப்படி?

இன்னொன்று. நாங்களும் இரண்டு நடிகர்கள், ஒரு கார், எட்டு நாள் பயணம் என்று ஒரு படம் எடுத்து ரஃப் கட் (முதல் கட்டத் தொகுப்பு) முடித்திருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் “நல்லா இருக்கு, கொஞ்சம் லேக்” என்கிறார்கள். எந்த இடத்தில் லேக் என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். எதை வெட்டுவது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

படம் போடுவதற்கு முன் நண்பர்களிடம் என்ன சொன்னீர்கள்? பெயரை மட்டும் சொல்லியிருந்தாலும் போதும், அந்த இரண்டு போன்களும் வெளியே வந்ததற்கு அதுவே காரணம். ‘மான்ஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்து, ட்ரெய்லரிலும் ஆபத்தையே முன்னால் நிறுத்தி விற்ற படம் இது. உள்ளே இருப்பதோ வேறு சரக்கு. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரன், அவனுடைய முதலாளியின் மகள். அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது. ராட்சச ஜந்துக்கள் நடமாடும் மெக்சிகோ வழியாக அவளைப் பத்திரமாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இவன் தலையில் விழுகிறது. வழியில் பணமும் பாஸ்போர்ட்டும் போய், கடைசியில் அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கொடுத்துத்தான் பயணத்தையே தொடர முடிகிறது.

இந்த எலும்புக்கூடு 1934-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்துடையது. பணக்காரப் பெண், பத்திரிகைக்காரன், பேருந்துப் பயணம். 1956-இல் ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ வழியாக நம் ஊருக்கும் பழகிய கதைதான். காப்ரா படத்தில் இருவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு அதைச் சுவர் என்பார்கள். எட்வர்ட்ஸ் அமெரிக்க எல்லை முழுக்க நிஜச் சுவரே எழுப்பிவிட்டார். ராட்சச ஜந்துக்கள் இதில் வானிலை மாதிரி: வழியை அடைக்கும், தாமதப்படுத்தும், மனிதர்களை ஒரே கூரையின் கீழ் தள்ளும். மழையைக் காட்டியதற்காக யாராவது காதல் படத்தை மழைப் படம் என்று விற்பார்களா? இங்கே விற்றார்கள். ராட்சசனைப் பார்க்க வந்தவனுக்குக் காதல் கிடைத்தால் அவன் கொடுத்த காசைத் திருப்பித்தான் கேட்பான். எதையும் எதிர்பாராமல் உட்கார்ந்தவனுக்கோ அது புதையல். நடுவில் ஆள் இல்லாததற்கு வேறு மர்மம் இல்லை.

“பொசுக்குனு முடிஞ்சுபோச்சு” என்ற புகாரைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது முடிவைப் பற்றிய புகாரே அல்ல. படத்தின் முதல் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். இரவு, பச்சை நிற நைட் விஷன் கேமரா, ராணுவ வண்டி. ஒரு சிப்பாய் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘வால்கைரிகளின் சவாரி’ இசையை வாயால் முனகிக்கொண்டு வருகிறான். ஜந்து தாக்குகிறது. யாரோ ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கத்துகிறான். அந்த நேரத்தில் அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. கடைசியில் பெட்ரோல் பங்கில் இருவரும் முத்தமிடும்போது ராணுவம் வந்து சேர்கிறது, அதே மெட்டை முனகும் ஒரு சிப்பாயோடு. அங்கே படம் அறுந்து நிற்கிறது. முதல் காட்சிதான் இந்தப் படத்தின் கடைசிக் காட்சி. இது பிடிபட்டவனுக்கு அந்த முத்தம் நெஞ்சில் இறங்கும், பிடிபடாதவனுக்கு ரீல் அறுந்தது மாதிரி இருக்கும். ஆனால் முதல் காட்சி ஓடும்போதுதான் நம் ஆட்கள் முறுக்குப் பாக்கெட் பிரிப்பார்கள், விளக்கை அணைக்க எழுந்திருப்பார்கள். அப்படிப்பட்ட நிமிடங்களில் முகம் சரியாகத் தெரியாத வெளிச்சத்தில் முழுப் படத்தின் சாவியையும் ஒளித்துவைத்தது துணிச்சல்தான், அந்தத் துணிச்சலுக்கு எட்வர்ட்ஸ் பாதிப் பார்வையாளர்களை விலையாகக் கொடுத்தார்.

நாயகன் மேல் எரிச்சல் வருகிறது, காதலே ஒட்டவில்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது படம் எடுத்த விதத்திலிருந்து வந்த குறை. ஸ்கூட் மெக்நெய்ரி, விட்னி ஏபிள் இருவர்தான் முதன்மை நடிகர்கள், அப்போது நிஜ வாழ்விலும் ஜோடி. சின்னக் குழு, ஒரே வேன். மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டா ரிகா என்று போன இடத்தில் கிடைத்த மனிதர்களையே நடிக்க வைத்தார்கள். வசனம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேசியது. ஒவ்வொரு இரவும் அன்றைய ஃபுட்டேஜை இறக்கி, மெமரி கார்டைக் காலி செய்தால்தான் மறுநாள் படப்பிடிப்பு. இப்படிச் சேர்ந்தது 100 மணி நேரத்துக்கு மேல். முதல் தொகுப்பு நாலு மணி நேரம் தாண்டியது, அதை 94 நிமிடமாக்க எட்டு மாதம் ஆனது. சுமார் 250 கிராபிக்ஸ் ஷாட்களை எட்வர்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து தானே செய்தார். மொத்தச் செலவு 5 லட்சம் டாலருக்குள்.

இந்த முறையில் வரவு என்னவென்றால், படகு டிக்கெட்டுக்கு 5,000 டாலர் கேட்டு பேரம் பேசும் ஆள் மாதிரியான முகங்கள். எந்த நடிகரைக் கூட்டிவந்தாலும் அந்த அலட்சியம் வராது. செலவு என்னவென்றால், முன்தயாரிப்பில்லாத பேச்சில் மனிதர்கள் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வருவார்கள். காதல் ஒரு படி ஏறியதைக் காட்டும் வரி அமையாவிட்டால் எடிட்டரால் அதை உண்டாக்க முடியாது. பேச்சில்லாத இடங்களில்தான் இந்தப் படம் ஏறுகிறது. செத்த குழந்தையின் படத்துக்கு 50,000 டாலர், சிரிக்கும் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னவன், பின்னால் அப்படி ஓர் உடலைப் பார்த்ததும் கேமராவை எடுக்காமல், அந்த உடலை மூடிவிட்டு நகர்கிறான். அவள் மனம் மாறியதற்கு இதற்கு மேல் வசனம் எதற்கு?

இனி உங்கள் ரஃப் கட். “லேக்” என்பது நோயின் பெயரல்ல, காய்ச்சல் மாதிரி. 50-வது நிமிடத்தில் சலித்தது என்பார்கள், கோளாறு 30-இல் இருக்கும். சலித்த இடத்தைச் சொல்வதில் பார்வையாளர் அநேகமாகத் தப்புவதில்லை, காரணம் சொல்லும்போதுதான் தப்புவார்.

தெரிந்தவர்களுக்குப் போடுவதை நிறுத்துங்கள். உங்களை அறியாத 12 முதல் 15 பேர் போதும். படத்தின் மூலையில் டைம்கோட் (எத்தனையாவது நிமிடம் என்று காட்டும் எண்) ஓடும்படி எக்ஸ்போர்ட் செய்து, லேப்டாப்பில் அல்லாமல் புரொஜெக்டரில் நல்ல ஸ்பீக்கரோடு போடுங்கள். முன்னுரை வேண்டாம், “இன்னும் கலர் பண்ணலை” என்றுகூடச் சொல்லாதீர்கள். உங்களில் இரண்டு பேர் திரையைப் பார்க்காமல் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்களை மட்டும் பார்த்து நிமிடத்தைக் குறிக்க வேண்டும்: போன் வெளிச்சம், உடம்பை மாற்றி உட்காருவது, சிரிப்பு, பக்கத்தில் திரும்பிக் கேட்பது. முன்னால் குனிந்தால் ஆர்வம் என்று சந்தோஷப்படாதீர்கள், வசனம் கேட்கவில்லை என்றாலும் குனிவார்கள்.

படம் முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் தாளைக் கொடுங்கள். ஒருவர் சத்தமாகக் கருத்துச் சொல்லிவிட்டால் மீதிப் பேர் அதற்குத்தான் தலையாட்டுவார்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்கவே வேண்டாம். கதையை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே, எதற்காகப் போகிறார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது என்று எப்போது தோன்றியது என்று கேளுங்கள். இந்தப் பதில்களில் 15 பேரும் 15 காட்சியைச் சொன்னால் உங்களிடம் அந்தக் காட்சியே இல்லை என்று அர்த்தம். அப்போது வெட்டிப் பயனில்லை, ஒரு நாள் மறுபடப்பிடிப்புதான் வழி.

பயணப் படத்தில் லேக் வருவதற்கு முக்கியக் காரணம், போகிற இடம் மறந்துபோவது. ‘மான்ஸ்டர்ஸ்’ இதில் கெட்டி. பருவம் தொடங்கினால் கடல்வழி அடைபடும் என்ற கெடு இருக்கிறது, டிக்கெட் விலை இருக்கிறது, வழிநெடுக எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் பலவும் கணினியில் ஒட்டியவைதான். உங்கள் படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, எங்கே இருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு தூரம், கையில் என்ன மிச்சம், போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாலில் இரண்டுக்குப் பதில் இல்லாத இடம் தெரிந்தால், அதிலிருந்து முன்னோக்கி வெட்டத் தொடங்குங்கள். கார் திரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். காரணமில்லாமல் ஒரு ஷாட்டில் திசை மாறினால் ஊருக்குத் திரும்புகிறார்களோ என்று சந்தேகம் வரும், அதையும் லேக் என்றுதான் சொல்வார்கள்.

காருக்குள் எடுத்த ஒலியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். இன்ஜின் இரைச்சல் வசனத்தை அமுக்கியிருந்தால் மனம் பத்து நிமிடத்தில் களைத்துவிடும், ஆனால் யாரும் ‘ஒலி சரியில்லை’ என்று எழுதமாட்டார்கள், ‘போர்’ என்று எழுதுவார்கள். அதே காரை நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, ஏசியை அணைத்து, நடிகர்களை அதே இருக்கையில் உட்காரவைத்து வசனத்தை மட்டும் சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கில் மறுபடி எடுங்கள். ஓடும் காரின் சத்தத்தை வசனமில்லாமல் இரண்டு நிமிடம் தனியே பதிந்துவைத்தால் அடியில் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த ஆறு பேரும் மறுபடி கூடினால் ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டு, உடனே முதல் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். சிப்பாய் முனக ஆரம்பிக்கும்போது போன் பார்த்த இருவரின் முகத்தைக் கவனியுங்கள். தூங்கியவரை எழுப்ப வேண்டாம்.