திறப்பு யார் கையில்? கணினி, போன் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் ஹக்கர், வைரஸ் என்று பயந்து எழுதியவர்கள் குறைவு. கடைத் தம்பி திறந்து தந்த கணக்கு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் வைபை, கமரா பூட்ட வந்தவர் வைத்துக்கொண்டு போன பாஸ்வேர்ட் என்றுதான் கூடுதலாக வந்திருக்கின்றன. வன்னியில் ஒருவருக்கு ஒருவர் செய்து கொடுத்துத்தான் கணினியும் போனும் வீட்டுக்குள் வந்தன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உதவி செய்தவரிடமே வீட்டுத் திறப்பும் தங்கிவிடுகிறது. கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய போனை ஒரு கடையில் கொடுத்துத்தான் ஆயத்தம் செய்தோம். போன மாதம் லொக் மறந்துபோய், வேறொரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்தோம். இப்போது பழைய ஜிமெயில் கணக்கைக் கேட்டு நிற்கிறது. எனக்கு அது தெரியாது. முதல் கடைத் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். (ஓர் அம்மா, புதுக்குடியிருப்பு)

அம்மா, போன் பழுதாகவில்லை. களவெடுத்தவன் அழித்துவிட்டு விற்கக் கூடாது என்பதற்காக 2015 அளவில் அண்ட்ரொய்டில் வந்த பூட்டு இது. லொக்கைத் திறக்காமல் பொத்தானை அமத்தி அழித்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். உங்கள் போன் உங்களையே கள்ளராக நினைக்கிறது.

முதலில் அந்தத் தம்பியைப் பிடியுங்கள். கட்டார் என்ன, வீட்டார் ஊரில்தானே இருப்பார்கள். வட்ஸ்அப் நம்பர் வாங்குவது பெரிய வேலையில்லை. கடைகளில் கணக்குத் திறக்கும்போது பெரும்பாலும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரியான பாஸ்வேர்ட்டைத்தான் போடுவார்கள், அவருக்கு ஞாபகம் இருக்கலாம். மீட்பு நம்பராகத் தன்னுடைய நம்பரையே போட்டிருந்தால், கூகுள் அனுப்பும் இலக்கம் அவருக்குத்தான் போகும். ஆகவே அவரை அழைப்பில் வைத்துக்கொண்டு முயலுங்கள். மின்னஞ்சல் முகவரி தெரிந்து பாஸ்வேர்ட் மட்டும் தெரியாவிட்டால், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்கு உங்கள் வீட்டு வைபையிலிருந்தே போங்கள். வழமையான இடத்திலிருந்து, வழமையான இணைப்பில் கேட்டால் கூகுள் நம்புவதற்கு வாய்ப்பு அதிகம். 'கூகுளில் இருந்து கதைக்கிறோம், எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது போன் எடுத்தால் வைத்துவிடுங்கள். ஜிமெயில் மீட்டுத் தர கூகுள் யாருக்கும் போன் எடுப்பதில்லை.

உள்ளே போனதும் உடனே செய்ய வேண்டியது: பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள், மீட்பு நம்பரில் அவருடையதை எடுத்து உங்களுடையதையும் மகனுடையதையும் போடுங்கள், 'உங்கள் சாதனங்கள்' பகுதியில் தெரியாத போன் இருந்தால் வெளியேற்றுங்கள். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய சிம் நாளைக்கு வேறு ஒருவர் கைக்குப் போகலாம் அல்லவா?

பாஸ்வேர்ட்டைக் கொப்பியில் எழுதி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. எழுதி வைக்காதே என்பது நூறு பேர் வந்துபோகும் அலுவலகத்துக்குச் சொன்ன புத்தி. வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் கொப்பியை உலகத்தின் மறுபக்கத்தில் இருப்பவன் படிக்க முடியாது.

பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று சில கடைகள் சொல்லும். போன் திறக்கும், ஆனால் கணக்கும் அதற்குள் இருக்கும் பேரப்பிள்ளைகளின் படங்களும் திரும்பி வராது. கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள். வைபை பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். இல்லையென்றால் மனவருத்தம் வரும். கொடுத்தால் வில்லங்கம் ஏதும் வருமா? (மல்லாவி)

கொடுங்கள். ஆனால் உங்கள் பாஸ்வேர்ட்டைக் கொடுக்க வேண்டாம். இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிகளுக்கான தனி வைபை வைக்கலாம். கணினியிலோ போனிலோ உலாவியைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும். உங்களுடையதன் சரியான இலக்கம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கெஸ்டுக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். பிள்ளைகள் இணையத்துக்குப் போகலாம், உங்கள் கணினிக்குள்ளும் கமராவுக்குள்ளும் வர முடியாது. பரீட்சை முடிந்ததும் நிறுத்துவதும் லேசு.

வில்லங்கம் என்றால், இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதற்குள்ளால் யாராவது பொய்க் கணக்குத் திறந்து ஒரு பெண்பிள்ளையைக் கரைச்சல்படுத்தினால், விசாரணை முதலில் உங்கள் படலைக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். ஆனால் பாஸ்வேர்ட் ரியூசன் கூட்டாளிகளுக்கும் போகும். பின்னேரத்தில் வேலியோரம் நாலு சைக்கிள் நின்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அவர்கள் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பார்ப்பது அவர்களுக்கும் தெரியாது. இப்போது ஏறத்தாழ எல்லாத் தளங்களும் மறையாக்கம் செய்தே, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றியே அனுப்புகின்றன. ரவுட்டரைக் கையில் வைத்திருப்பவருக்குக் கூட, எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதுக்கு மேல் பெரிதாக எதுவும் தெரிய வராது.

டேட்டா முடிகிறது என்று பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் லப்டொப்பைப் பாருங்கள். விண்டோஸ் தானாகவே பெரிய அப்டேட்டுகளை இறக்கும். வைபை அமைப்பில் 'மீற்றர்ட் கனெக்சன்' என்பதை இயக்கிவிட்டால் அது பெரும்பாலும் அடங்கும்.

கனடாவில் இருக்கும் சித்தியின் வட்ஸ்அப்பிலிருந்து, 'ஊரில் ஒருவருக்கு அவசரமாகக் காசு கொடுக்க வேண்டும், இந்தக் கணக்குக்குப் போட்டுவிடு, இரவு அனுப்பி விடுகிறேன்' என்று வந்தது. போட்டுவிட்டேன். அது சித்தி இல்லையாம். (கிளிநொச்சி)

தம்பி, இதைப் படிக்கும் நேரத்திலும் வங்கிக்குச் சொல்லியிருக்காவிட்டால் இப்போதே போன் எடுங்கள். காசு இன்னும் அந்தக் கணக்கில் கிடந்தால் மட்டுமே ஏதாவது செய்யலாம். பிறகு பொலிஸில் முறைப்பாடு. பற்றுச்சீட்டையும் அந்தச் செய்திகளின் ஸ்கிரீன்சொட்டையும் கொண்டு போங்கள். இணையக் குற்றங்கள் பற்றி ஆலோசனை கேட்க, இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

சித்திக்கு நடந்தது இதுதான். அவருக்குத் தெரிந்த ஒருவரின் பெயரில், 'தவறுதலாக உங்கள் போனுக்கு ஓர் ஆறு இலக்கம் வந்துவிட்டது, அதை அனுப்புங்கள்' என்று கேட்டிருப்பார்கள். அந்த ஆறு இலக்கம்தான் வட்ஸ்அப்பைப் புதிய போனில் திறக்கும் குறி. கொடுத்த கணமே கணக்கு அவன் கையில். பழைய உரையாடல்கள் சித்தியின் போனில் இருப்பதால் அவை அவனுக்குக் கிடைக்காது. ஆனால் குடும்பக் குழுக்களும் அதில் உள்ளவர்களின் நம்பர்களும் கிடைக்கும், அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடிப்பான். அடுத்த சித்தப்பாவுக்கு நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள், அதுவும் சாதாரண அழைப்பில்.

சித்தி தன் போனில் வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தைப் போட்டால் அவன் வெளியே தள்ளப்படுவான். அவன் ஏற்கெனவே இரண்டாவது பூட்டாக ஒரு 'பின்' (இரகசிய இலக்கம்) போட்டிருந்தால், சித்தி உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் எஸ்எம்எஸ் இலக்கத்தைப் போட்ட உடனேயே அவனுடைய பிடி விட்டுவிடும். இந்தப் பின்னை நாமே முந்திப் போட்டுவிட்டால் இந்தத் தலையிடியே இல்லை: செட்டிங்ஸ், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு. வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் இன்றைக்கே போட்டு விடுங்கள்.

எழுத்தில் காசு கேட்டால் குரலில் பேசாமல் கொடுப்பதில்லை என்று குடும்பத்துக்குள் முடிவெடுங்கள். சித்தி கோபிக்கமாட்டார். குரலையும் இப்போது போலியாகச் செய்கிறார்கள் என்பதால், வெளியாருக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பழைய வீட்டு நாயின் பெயர் போதும்.

ஒருமுறை எல்லாப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள் நாங்கள். திரும்ப எடுத்த காணி பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். போதுமா? (விசுவமடு)

போதாது. 2009 இல் உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு ஒரு பெட்டியில் மட்டும் வைப்பது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. போனும் அப்படி ஒரு பெட்டிதான். கிணற்றுக்குள் விழுந்தாலும் முடிந்தது, களவு போனாலும் முடிந்தது.

படத்தை வட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், பெர்மிட்டில் உள்ள சின்ன எழுத்தும் முத்திரையும் கலங்கும். 'டொக்கியுமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கான் வசதி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் படங்களும் அதற்குள்தான் சேரும். பத்திரங்கள் அதில் ஒரு மூலையும் நிரப்பாது. இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வேறு ஊரில் இருக்கும் சகோதரத்தின் வீட்டில் வையுங்கள். அதே வீட்டில் வைத்தால் வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் இரண்டும் ஒன்றுதான். பென் டிரைவ் பத்து வருடம் அலுமாரியில் கிடந்து அப்படியே இருக்கும் என்று நம்பவேண்டாம். தைப்பொங்கலுக்குப் போகும்போது ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

எந்தப் பிரதியும் மூலத்தின் இடத்துக்கு வராது. ஆனால் மூலம் தொலைந்தால், பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ போய் நிற்கும்போது பெர்மிட் இலக்கமும் உறுதி இலக்கமும் திகதியும் கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஸ்கான் செய்யக் கொமியூனிகேசன் கடைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கான் செய்த கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். உங்கள் கண் முன்னாலே அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் எடுக்க வட்ஸ்அப் வெப்பைத் திறந்தீர்களா? வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதைப் பாருங்கள். அங்கே கடைக் கணினி இன்னும் நின்றால், உங்கள் செய்திகள் அந்த மேசையில் இப்போதும் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

அடையாள அட்டைப் பிரதியும் லேசுப்பட்டதல்ல. 2016 இல் வந்த 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, அட்டை இலக்கம் தெரிந்தவருக்குப் பிறந்த திகதி தெரியும். பிறந்த ஆண்டை வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் பிரதியின் குறுக்கே 'இன்ன தேவைக்கு மட்டும்' என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பூட்டிய சிசிரிவி கமரா எங்கள் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் குளிக்க முடியவில்லை. முறைப்பாடு செய்யலாமா? (ஒரு தகப்பன், நெடுங்கேணி)

செய்யலாம், கிராம அலுவலரிடமும் பொலிஸிலும். ஆனால் முதலில் நேரே போய், உங்கள் திரையில் எங்கள் கிணற்றடி தெரிகிறதா, காட்டுங்கள் என்று கேளுங்கள். பலருக்குத் தங்கள் கமரா எதைப் பார்க்கிறது என்றே தெரியாது, பூட்ட வந்தவர் வசதியான மூலையில் பூட்டிவிட்டுப் போயிருப்பார். கொஞ்சம் திருப்பினாலே போதும். திருப்ப முடியாவிட்டால், கமராவின் அமைப்பிலேயே ஒரு பகுதியைக் கறுப்புப் பெட்டியால் மறைக்கும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு.

அவரிடம் இதையும் சொல்லுங்கள், தன்னுடைய நன்மைக்காகவே கேட்பார். பூட்டியவர் தன் போனில் செயலியைப் போட்டு, தன் கணக்கில் பதிந்து, பிறகுதான் வீட்டுக்காரருக்குப் 'பகிர்ந்து' கொடுத்திருப்பார். அப்படியென்றால் பூட்டியவர் வவுனியாவில் இருந்துகொண்டே இந்த வீட்டு முற்றத்தைப் பார்க்கலாம். கமராவை வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குக்கு மாற்றி, பெட்டியோடு வந்த பாஸ்வேர்ட்டையும் மாற்ற வேண்டும். செய்யமாட்டேன் என்று பூட்டியவர் இழுத்தால், எனக்கு அந்த ஆளில் நம்பிக்கை இல்லை.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புது லப்டொப் வாங்கு என்கிறார்கள். உண்மையா? (முள்ளியவளை)

பாதி உண்மை. 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது. கணினி ஓடும், புதிய ஓட்டைகள்தான் அடைபடாது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 க்கு ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். இல்லாவிட்டால், கடிதம் அடிக்கவும் பிள்ளைகள் வீடியோ பார்க்கவும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போதும், அது இலவசம். கடன்பட்டு வாங்கவேண்டாம். திருட்டு விண்டோஸை 'அக்டிவேட்' செய்யும் சின்ன மென்பொருளை மட்டும் ஓடவிடாதீர்கள். அதைப் போடும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், ஏன் என்று கேளுங்கள்.

சங்கத்துக் கடிதத்தை வேறு கணினியில் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. (துணுக்காய்)

அது பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம். அந்தக் கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் தெரியும் பொது முறையான யூனிக்கோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தரும். ஆனால் உறுப்பினர்களின் பெயரும் அட்டை இலக்கமும் உள்ள பட்டியலை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டவேண்டாம். அந்தக் கணினியில் பாமினியை நிறுவித் திறவுங்கள். இனிமேல் அடிப்பதை யூனிக்கோடில் அடியுங்கள்.

மழைக்காலத்தில் ரவுட்டர் ஒவ்வொரு வருடமும் எரிகிறது. (மாங்குளம்)

இடி கேட்டதும் மின் பிளக்கை மட்டும் கழற்றுகிறீர்கள் போல. மின்னல் தொலைபேசி வயராலும் வெளியே பூட்டிய அன்ரனாவாலும் வரும். அவற்றையும் கழற்றுங்கள். யூபிஎஸ் இதற்குக் காப்பு இல்லை.