கேரள பன்னாட்டுத் திரைப்பட விழாவின் படப்பட்டியலில் இருந்து எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான்: "முதல்முறையாகத் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போகிறேன். மூன்று நாள்தான் விடுப்பு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கலாம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலைப் படங்களின் பெயர் வழியாகப் படிக்காமல் பிரிவுகளின் வழியாகப் படியுங்கள். அதன்பின், விழா முடிந்த பிறகு வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத படங்களுக்கே உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள். நாகர்கோவிலில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கிவிடலாம் என்கிற வசதியால் பல ஆண்டுகளாக இந்த விழாவுக்குப் போய்வருகிறேன். இந்த ஒரு முறையைத் தவிர வேறெதுவும் எனக்கு இவ்வளவு நல்ல படங்களைக் காட்டித் தந்ததில்லை.

பட்டியலின் அளவைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் நடந்த 29ஆவது விழாவில் 68 நாடுகளிலிருந்து 177 படங்கள் 15 திரைகளில் காட்டப்பட்டன. விழா எட்டு நாள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு வரை ஒரு நாளைக்கு ஐந்து காட்சி என்று விடாமல் பார்ப்பவர்கள்கூட அதில் கால் பங்கைத் தாண்ட முடியாது. அதாவது, தவறவிடுவது எல்லோருக்கும் பொது. எதைத் தவறவிடலாம் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு நோக்கத்துடன் சேர்க்கப்படுகிறது. விழாவின் இதயம் என்று நான் கருதுவது பன்னாட்டுப் போட்டிப் பிரிவு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் படங்களுக்கு மட்டுமே அதில் இடம். மொத்தம் 14 படங்கள், அவற்றில் மலையாளப் படங்கள் இரண்டு. முதல் பரிசான சுவர்ண சகோரத்துக்கு 20 லட்சம் ரூபாய். ஐரோப்பாவின் பெரும் பெயர்களுக்கு அங்கே வேலையில்லை என்பதால், பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் படம் எடுத்தவர்களின் பெயர்களே பட்டியலில் இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் "ஒரு பெயர்கூடத் தெரியவில்லையே" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாத பெயர்களுக்காகத்தான் அங்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடந்த ஆண்டுகளில் அங்கே பரிசு பெற்றவற்றைப் பாருங்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நான்கு ஊர்களில் நடந்த 25ஆவது விழாவில் சுவர்ண சகோரம் வென்றது லெசோத்தோ நாட்டுப் படமான 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரெசரக்‌ஷன்'. இயக்குநர் லெமோஹாங் ஜெரமையா மொசேசே. தென்னாப்பிரிக்கா சுற்றிலும் சூழ்ந்திருக்கும் சிறிய மலைநாடு அது. அங்கே ஓர் அணைக்காக ஒரு கிராமமே நீரில் மூழ்கப்போகிறது; குடும்பத்தார் அனைவரையும் பறிகொடுத்துவிட்டுத் தன் சாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் எண்பது வயது மூதாட்டி, தம் முன்னோர் புதைந்த மண்ணை விட்டு எழமாட்டேன் என்று நிற்கிறாள். அந்த மூதாட்டியாக நடித்த மேரி ட்வாலா 2020இலேயே மறைந்துவிட்டார். அடுத்து 2022 டிசம்பரில் பரிசு பெற்ற 'உதாமா' பொலிவியாவின் உயர்நிலங்களில் லாமா மேய்க்கும் முதிய தம்பதியைப் பற்றியது: மழை பொய்த்துவிட்டது, கிணற்றில் நீரில்லை, நகரத்திலிருந்து வந்த பேரன் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறான், கிழவர் இருமலோடு மல்லுக்கட்டிக்கொண்டு நகர மறுக்கிறார். 2023இல் சிறந்த இயக்குநருக்கான ரஜத சகோரம் பெற்றவர் உஸ்பெகிஸ்தானின் ஷோகிர் கோலிகோவ்; அவருடைய 'சண்டே' படத்திலும் ஒரு கிழவனும் கிழவியும்தான். மகன்கள் புதுப்புதுப் பொருள்களைக் கொண்டுவந்து பழையவற்றை அகற்ற, வீடு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கையிலிருந்து நழுவுகிறது. நிலமும் நீரும் முதுமையும் பற்றிய இந்தக் கதைகள் நம் பக்கத்துக் கிராமங்களில் நடப்பவைதான். ஆனால் இவற்றுக்கு நம் ஊர்த் திரையரங்கில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று சொல்லத் தேவையில்லை.

விழாக் கையேட்டில் ஒரு படத்துக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்குவார்கள். கதைச்சுருக்கம் என்று அங்கே இருப்பதை நான் கடைசியாகத்தான் படிப்பேன். எல்லாப் படத்தையும் ஒரே குரலில் புகழும் வாசகங்கள் அவை. முதலில் பார்ப்பது நாடுகளின் பெயர்களை. மேலே சொன்ன லெசோத்தோ படத்துக்கு லெசோத்தோ, தென்னாப்பிரிக்கா, இத்தாலி என்று மூன்று நாடுகள் குறிக்கப்பட்டிருக்கும். வெனிஸ் திரைப்பட விழாவை நடத்தும் பியென்னாலே அமைப்பின் பயிலரங்கத் திட்டத்தின் உதவியில் உருவான படம் என்பதால்தான் இத்தாலி அங்கே வருகிறது. சிறிய நாட்டின் படத்துடன் இப்படி ஓர் ஐரோப்பிய நாடு ஒட்டியிருந்தால், அதன் திரைக்கதை பலர் கைபட்டு மெருகேறி வந்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம். ஒரே ஒரு நாடு, அதுவும் படத்துறை பெரிதாக இல்லாத நாடு என்றால் வேறு வகையான ஆர்வம் எழும்: முரடாக இருக்கலாம், ஆனால் யாருடைய விருப்பத்துக்காகவும் செதுக்கப்படாத படமாக இருக்கும். அடுத்து ஓடும் நேரம். எழுபத்தைந்து நிமிடப் படத்தை யோசிக்காமல் சேர்த்துக்கொள்வேன். பிடிக்காவிட்டாலும் இழப்பு குறைவு. அதன்பின் இயக்குநர் முன்பு என்ன செய்தார் என்கிற வரி. ஆவணப்பட இயக்குநரின் முதல் கதைப்படம் என்றால் நான் கட்டாயம் போவேன். மனிதர்களைக் கவனித்துப் பழகிய கண் அதில் தெரியும்.

போட்டிப் பிரிவுக்கு நேர் எதிரே நிற்பது 'உலக சினிமா' பிரிவு. கான், வெனிஸ், பெர்லின் விழாக்களில் அந்த ஆண்டு பேசப்பட்டவை அங்கே குவியும். வரிசைகள் நீள்வதும் அங்கேதான். 2024இல் கான் விழாவின் தங்கப் பனை பெற்ற 'அனோரா'வுக்கு இடம்பிடிக்க எவ்வளவு போட்டி இருந்தது என்பது அந்த ஆண்டு போனவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல படம்தான், ஆனால் அடுத்த சில மாதங்களில் அது வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தது. பெரிய பரிசு பெற்ற படங்கள் இந்தியாவில் திரையரங்குக்கோ ஓடிடிக்கோ வந்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்களுக்குக் கிடைத்திருப்பது மூன்று நாள் என்றால், இந்தப் பிரிவில் நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றே சொல்வேன்.

முன்னோடிகளின் பழைய படங்களைக் காட்டும் பிரிவு இன்னொரு பெரிய செல்வம். அதைத்தான் பலரும் "யூடியூபில் இருக்குமே" என்று ஒதுக்குகிறார்கள். 2022இல் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற ஹங்கேரி இயக்குநர் பேலா தார் வந்தார், 2023இல் போலந்தின் ஸனூசி, 2024இல் ஹாங்காங்கின் ஆன் ஹுய். விருது பெறுபவரின் படங்கள் சில உடன் காட்டப்படும். பேலா தாரின் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் பத்து நிமிடம் வெட்டே இல்லாமல் நகர்பவை. கைப்பேசியில் அவற்றைப் பார்ப்பவர் இரண்டாம் நிமிடத்தில் தள்ளிவிடுவார், இருண்ட அரங்கில் ஐந்நூறு பேருடன் உட்கார்ந்திருப்பவரை அதே காட்சி கட்டிப்போட்டுவிடும். அவர் வந்த 2022இலேயே மௌனப் படங்களுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஜானி பெஸ்ட் அரங்கிலேயே அமர்ந்து பியானோ வாசித்தார். ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் நூறு ஆண்டுக்கு முந்தைய பேய்ப்படமான 'நோஸ்ஃபெராட்டு'வில் நிழல் மாடிப்படியில் ஏறும்போது, அந்த நொடியில் ஒருவர் விரல்களால் எழுப்பும் ஒலி அதனுடன் ஏறிவருவது என்பது எந்தப் பதிவிலும் கிடைக்காத அனுபவம். பட்டியலில் 'நேரடி இசையுடன்' என்று எங்கேனும் கண்டால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள். கனகக்குன்றில் நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நடக்கும் நள்ளிரவுக் காட்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் இந்தோனேசியப் பேய்ப்படமான 'சேட்டன்ஸ் ஸ்லேவ்ஸ் 2' அங்கே போட்டார்கள்.

மலையாளப் படங்கள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பார்வையாளர் வாக்கெடுப்பில் 2022 டிசம்பரில் 'நண்பகல் நேரத்து மயக்கம்', 2023இல் 'தடவு', 2024இல் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா' என்று தொடர்ந்து மலையாளப் படங்களே முதலிடம் பெற்றிருக்கின்றன. ஊர்க்காரர்கள் தங்கள் படத்தை முதல் ஆளாகப் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பது இயல்பு. ஆகவே இந்தக் காட்சிகளுக்கு இடம் பிடிப்பதுதான் மிகக் கடினம். அவை பின்னர் வெளியாகிவிடும் என்பதால் நமக்கு அவசரமில்லை. ஆனால் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' எனக்கு ஒரு விதிவிலக்காக அமைந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில், பெரும்பகுதி தமிழிலேயே நடக்கும் அந்தப் படத்தின் முதல் காட்சிகளே அந்த விழாவில்தான். பழைய தமிழ்ப் பட வசனங்களும் பாடல்களும் வீட்டுக்கு வீடு ஒலித்துக்கொண்டேயிருக்கும் அந்த ஊரை, மலையாளிகள் நிறைந்த அரங்கில் அவர்கள் மூச்சடக்கிக் கேட்பதைக் கேட்டபடி பார்ப்பது தனி நிறைவு. தமிழ்ப் படங்களையும் மறக்க வேண்டாம். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்றது. நம்மில் பெரும்பாலோர் அதை 2023 அக்டோபரில் ஓடிடியில்தான் பார்த்தோம். திருவனந்தபுரத்தின் போட்டிப் பிரிவில் அது 2022 மார்ச்சிலேயே பெரிய திரையில் காட்டப்பட்டுவிட்டது. வறண்ட செம்மண் வெளியில் தந்தையும் மகனும் நடக்கும் அந்த நெடும் நடைக்குத் திரையின் அகலம் அவசியம்.

வசன மொழிபெயர்ப்பு அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலத்தை வேகமாகப் படிக்கச் சிரமப்படுபவர்கள் அதனாலேயே விழாவுக்குத் தயங்குவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அவர்களுக்கு என் யோசனை: நீதிமன்றம், குடும்பச் சண்டை, அரசியல் விவாதம் என்று பேச்சிலேயே ஓடும் படங்களை விட்டுவிட்டு, 'உதாமா' போன்று நிலமும் முகங்களும் பேசும் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளில் பேச்சு மிகுந்த படங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது படத்தில் ஆங்கிலம் நன்கு தெரிந்தவருக்கே கண் எரியும்.

பட்டியல் கடைசி நிமிடத்தில் மாறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளித்தால்தான் காட்ட முடியும். 2025 டிசம்பரில் நடந்த 30ஆவது விழாவில் 19 படங்களுக்கு முதலில் அந்த விலக்கு கிடைக்கவில்லை. உலகமெங்கும் பாடமாகக் கற்பிக்கப்படும், 1925ஆம் ஆண்டின் சோவியத் மௌனப் படமான 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' அதில் ஒன்று. அந்த ஆண்டு வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்ற அப்தெர்ரஹ்மான் சிஸ்ஸாக்கோவின் 'திம்பக்டு', 'பமாகோ' ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் வழி பிறந்தாலும், சில படங்கள் திரைக்கு வரவேயில்லை. ஒருவரை அழைத்து மாலையிட்டுவிட்டு அவர் படங்களை நிறுத்திவைப்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாத செயல். நடைமுறையில் இதன் பொருள், ஒவ்வொரு காட்சி நேரத்துக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றைக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்பது.

முன்பதிவு முந்தைய நாளே திறந்து, பேசப்படும் படங்களுக்குச் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். எல்லா இடங்களும் முன்பதிவுக்கே போய்விடுவதில்லை. முன்பதிவு இல்லாதவர்களுக்கான வரிசையில் நேரத்தோடு போய் நின்றால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். போட்டிப் படங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காட்டப்படுவதால், முதல் காட்சி கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் அடுத்ததைப் பிடிக்கலாம். அரங்குகளின் இடைவெளியையும் கணக்கில் கொள்ளுங்கள்: தம்பானூரில் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகம், தாகூர் அரங்கும் கலாபவனும் வழுதக்காட்டில் அருகருகே இருக்கின்றன. இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே ஒரே நாளில் நான்கு முறை ஓடினால் படங்களின் தொடக்கத்தையெல்லாம் இழப்பீர்கள்.

உங்கள் மூன்று நாளுக்கு நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: நாளுக்கு நான்கு படம், அதில் இரண்டு போட்டிப் பிரிவிலிருந்து, ஒன்று பழைய படங்களிலிருந்து, ஒன்று உலக சினிமாவிலிருந்து. ஐந்தாவது காட்சியின் நேரத்தைக் காலியாக விட்டுவிட்டு, அன்று வரிசையில் உடன் நின்றவர்கள் எந்தப் படத்தைப் பற்றி ஓயாமல் பேசினார்களோ அதற்குப் போவேன். அந்த விழாவில் வரிசையில் நிற்பவர்களின் பரிந்துரை கையேட்டைவிட நம்பகமானது. இந்த ஆண்டு அட்டவணை வெளியானதும் போட்டிப் பிரிவின் 14 பெயர்களை இங்கே கருத்துப் பகுதியில் இடுங்கள். எனக்குத் தெரிந்த இயக்குநர்கள் இருந்தால் சொல்கிறேன்.