பந்தும் விக்கெட்டும்: கிரிக்கெட்டைப் புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் கிரிக்கெட் பேசுகிறார்கள். நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. விதிகளைப் படித்துவிட்டு இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தேன். நான்கு, ஆறு, அவுட் எல்லாம் தெரிகிறது. ஆனால் ஒன்றுமே நடக்காத பந்துக்கு ஏன் கைதட்டுகிறார்கள், 40 ரன் அடித்தவரை ஏன் குறை சொல்கிறார்கள் என்பது புரியவில்லை. எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: விதிப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்கள் இரண்டு சந்தேகத்துக்கும் விடை அதில் கிடைக்காது, கணக்கில்தான் கிடைக்கும். பேட்டிங் செய்யும் அணியிடம் இரண்டு கையிருப்புகள் உண்டு: பந்துகள், விக்கெட்டுகள். இரண்டில் எது தீர்ந்தாலும் இன்னிங்ஸ் முடிந்தது. தீர்வதற்குள் எவ்வளவு ரன் சேர்க்க முடியும் என்பதுதான் ஆட்டம். (அணியில் 11 பேர் இருந்தும் விக்கெட் பத்துதான். பத்துப் பேர் அவுட்டானால் மிஞ்சும் ஒருவருக்கு ஜோடி கிடையாது.)

டி20 ஆட்டத்தில் ஓர் அணிக்கு 20 ஓவர், அதாவது 120 பந்து. பத்து விக்கெட்டுக்குப் பங்கிட்டால் விக்கெட்டுக்கு 12 பந்துதான் வருகிறது. ஆகவே பந்து அரிது, விக்கெட் மலிவு. 50 ஓவர் ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்து, விக்கெட்டுக்கு 30. டெஸ்ட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் வீதம் ஐந்து நாள். அங்கே பந்துக்குப் பஞ்சமில்லை, விக்கெட்தான் தங்கம்.

இப்போது அந்த 40 ரன்னைப் பாருங்கள். டி20யில் ஒருவர் 45 பந்தில் 40 எடுத்தால், அணியின் மொத்தப் பந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவரே செலவழித்துவிட்டார். மற்றவர்களுக்கு மிச்சம் 75 பந்து. குறை சொல்வது அதனால்தான். அதே 40 ரன்னை டெஸ்ட்டில் 120 பந்து நின்று எடுத்தால் பாராட்டு கிடைக்கும். ஷாட் ஒன்றுதான், எந்த வகை ஆட்டம், எந்த நேரம் என்பதைப் பொறுத்து அது புத்திசாலித்தனமாகவும் இருக்கும், அசட்டுத்தனமாகவும் இருக்கும்.

ஸ்கோரைப் படிப்பது

திரையில் 142/4 (16.2), இலக்கு 181 என்று இருக்கிறது. 142 எடுத்த ரன். 4 இழந்த விக்கெட். 16.2 என்பது தசமம் அல்ல; 16 ஓவர் முடிந்து அடுத்ததில் 2 பந்து வீசியாகிவிட்டது என்று பொருள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆஸ்திரேலியாவில் 4/142 என்று விக்கெட்டை முன்னால் எழுதுவார்கள், குழம்ப வேண்டாம்.

20 ஓவரில் 16.2 போனால் மிச்சம் 3 ஓவர் 4 பந்து, அதாவது 22 பந்து. தேவை 39 ரன். ஓவருக்கு 10.6 வேண்டும். அடுத்த இரண்டு பந்தில் ரன் வரவில்லை என்று வையுங்கள். 20 பந்தில் 39 ஆகிவிடுகிறது, ஓவருக்கு 11.7. வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பேட்டர் மேல் சுமை ஏறிவிட்டது. மூன்றாவது பந்தில் அவர் தூக்கி அடித்து கேட்ச் கொடுத்தால், அந்த விக்கெட்டை எடுத்தது ரன் வராத முந்தைய இரண்டு 'டாட் பால்'கள்தான். கைதட்டல் அதற்காக.

வைடும் (பேட்டருக்கு எட்டாத பந்து) நோ பாலும் (விதி மீறி வீசிய பந்து) இந்தப் பந்துக் கணக்கில் சேராது. ஒரு ரன்னையும் கொடுத்து, அந்தப் பந்தைத் திரும்பவும் வீச வேண்டும். ஒருநாள், டி20 ஆட்டங்களில் நோ பாலுக்கு அடுத்து ஃப்ரீ ஹிட் வேறு. அந்தப் பந்தில் ரன் அவுட் போன்ற ஓரிரு வழிகளில்தான் பேட்டரை வெளியேற்ற முடியும். பந்துவீச்சாளரின் முன்கால் பாதத்தில் கொஞ்சமாவது வீசும் முனையில் வரைந்துள்ள கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் இறங்கியிருக்க வேண்டும். அங்குலக் கணக்கில் தவறினாலும் எதிரணிக்கு இத்தனையும் இலவசம்.

திரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு விக்கெட் போனால் ஆறு கையில் இருக்கிறது, ஆனால் ஆறும் ஒரே தரமல்ல. எட்டாவது இடத்துக்குப் பின் இறங்குபவர்கள் பெரும்பாலும் பந்துவீச்சாளர்கள். அதேபோல ஒரு பந்துவீச்சாளர் டி20யில் 4 ஓவரும் ஒருநாளில் 10 ஓவரும்தான் வீசலாம். பந்துவீச்சாளர் பெயருக்கு எதிரே 3-0-19-2 என்று இருந்தால் வரிசையாக ஓவர், ரன்னே தராத மெய்டன் ஓவர், கொடுத்த ரன், எடுத்த விக்கெட். மூன்று வீசிவிட்டார், இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேப்டன் எப்போது பயன்படுத்துவார் என்று யோசிக்க ஆரம்பித்தாலே நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லை.

முதலில் எதைப் பார்ப்பது?

டி20 ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் எத்தனை ரன் போதும் என்று யாருக்கும் தெரியாது, அனுபவசாலிகளே ஊகிக்கிறார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் இலக்கு கண்முன்னே இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மூன்றே எண்: மீதிப் பந்து, தேவையான ரன், கையில் உள்ள விக்கெட். பக்கத்தில் எந்த அணி முன்னால் இருக்கிறது என்று உங்கள் ஊகத்தை ஒரு டிக் போட்டு வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஊகம் எந்த ஓவரில் மாறியது என்று தேடினால் திருப்புமுனை எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். முதல் இரண்டு ஆட்டத்துக்கு இது போதும். வீரர்களின் பெயர், சாதனை, சராசரி எல்லாம் இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். பார்க்கப் பார்க்கத் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஃபீல்டிங் அமைப்பு

பெரும்பாலான புதியவர்கள் பந்தை மட்டுமே பின்தொடர்கிறார்கள். பந்து வீசப்படும் முன்பே பாதிக் கதை மைதானத்தில் எழுதப்பட்டிருக்கும். பந்துவீச்சாளரையும் விக்கெட் கீப்பரையும் தவிர்த்தால் ஒன்பது ஃபீல்டர்கள். அவ்வளவு பெரிய மைதானத்தை ஒன்பது பேரால் அடைக்க முடியாது. எங்கே ஆள் இல்லை என்பது எங்கே ஆள் இருக்கிறார் என்பதைப் போலவே முக்கியம்.

திசையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். வலதுகை பேட்டர் ஆடும்போது, பந்துவீச்சாளரின் பின்னாலிருந்து காட்டும் கேமராவில் திரையின் இடப்பக்கம் ஆஃப் சைடு, வலப்பக்கம் லெக் சைடு. இடதுகை பேட்டருக்கு அப்படியே மாறிவிடும். ஓவருக்கு ஓவர் வீசும் முனை மாறினாலும் கேமராவும் மாறுவதால் திரையில் பக்கம் குழம்பாது.

கீப்பருக்கு அருகே ஆஃப் சைடில் நிற்பவர்கள் ஸ்லிப். அவர்கள் அங்கே ரன்னைத் தடுக்க நிற்கவில்லை. பேட் விளிம்பில் பட்டு வரும் கேட்சுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று ஸ்லிப் இருந்தால் அந்த அணி விக்கெட் தேடுகிறது. எல்லைக்கோட்டருகே ஐந்து பேர் பரவி நின்றால் ரன்னைக் கட்டுப்படுத்துகிறது. இந்த ஒரே வேறுபாட்டைக் கவனித்தாலே கேப்டனின் மனம் தெரிந்துவிடும்.

ஒரு பொறியைச் சொல்கிறேன், அடுத்த ஆட்டத்தில் தேடிப் பாருங்கள். ஆஃப் சைடில் கவர் என்ற இடத்தில் ஆளை எடுத்துவிட்டு இரண்டு ஸ்லிப் வைக்கிறார்கள். பந்துவீச்சாளர் ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே, பேட்டருக்கு அருகில் விழும்படி வீசுகிறார். பேட்டருக்குக் காலி இடம் தெரிகிறது, அடித்தால் நான்கு. கை நீட்டி டிரைவ் ஆடுகிறார். பந்து சற்றே வெளியே நகர்ந்தால் விளிம்பு, ஸ்லிப்பில் கேட்ச். நான்கு போனால் 'மோசமான பந்து' என்பீர்கள், கேட்ச் ஆனால் 'மோசமான ஷாட்' என்பீர்கள். இரண்டு முறையும் போட்ட திட்டம் ஒன்றே.

கேப்டன் நினைத்தபடியெல்லாம் ஆளை நிறுத்த முடியாது. டி20யில் முதல் 6 ஓவர் பவர்பிளே. பிட்ச்சைச் சுற்றி வரைந்திருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், அதன்பின் ஐந்து பேர். ஒருநாளில் முதல் 10 ஓவர் இரண்டு பேர், 11 முதல் 40 வரை நான்கு, கடைசிப் பத்தில் ஐந்து. தொடக்கத்தில் தலைக்கு மேல் தூக்கி அடிப்பது இதனால்தான்.

பந்து எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். காலடியில் விழுந்தால் யார்க்கர். அடியில் பேட்டை நுழைத்துத் தூக்குவது கடினம், அதனால் கடைசி ஓவர்களின் ஆயுதம். கொஞ்சம் தவறினால் தரையில் படாமலே வரும் ஃபுல் டாஸ், சிக்ஸர். பாதி பிட்ச்சில் விழுந்து எழும்பினால் பவுன்சர். இடையில் விழுந்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று பேட்டரைத் தயங்க வைப்பது குட் லெங்த். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய அரை நொடிதான், தயங்க நேரமில்லை. பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் பேன்ட்டில் தேய்த்துப் பளபளப்பாக வைப்பது அது காற்றில் வளைவதற்காக. எச்சில் தடவுவது சர்வதேச ஆட்டங்களில் 2020 முதல் கூடாது, வியர்வைக்குத் தடையில்லை.

எல்.பி.டபிள்யூ.

அவுட் வகைகளில் போல்டு, கேட்ச், ரன் அவுட், ஸ்டம்பிங் நான்கும் பார்த்தாலே விளங்கும். சண்டை வருவது எல்.பி.டபிள்யூவில். ஸ்டம்பை நோக்கிப் போன பந்தை, பேட்டில் படாமல், உடம்பு மறித்ததா என்பதே வழக்கு. மூன்று கேள்வியை இதே வரிசையில் கேளுங்கள்.

பந்து எங்கே தரையில் பட்டது? லெக் ஸ்டம்புக்கு வெளியே என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது, அவுட் இல்லை. அடுத்து, உடம்பில் எங்கே பட்டது? ஸ்டம்புகளுக்கு நேராகப் பட்டிருக்க வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால், பேட்டர் ஆட முயன்றிருந்தால் தப்பினார். ஆடாமல் காலை மட்டும் நீட்டியிருந்தால் தப்ப முடியாது. கடைசியாக, மறிக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா?

டி.ஆர்.எஸ். மறுபரிசீலனையில் இதே மூன்றும் வரிசையாகத் திரையில் வரும். 'அம்பயர்ஸ் கால்' என்று வந்தால், பந்தில் பாதிக்கும் குறைவாகவே ஸ்டம்பில் உரசுகிறது அல்லது பட்ட இடம் அதுபோல விளிம்பில் இருக்கிறது என்று பொருள். கணிப்பில் சிறு பிழைக்கு இடமிருப்பதால் கள நடுவரின் முதல் தீர்ப்பே நிற்கும். ஒரே மாதிரிப் பந்துக்கு ஒருமுறை அவுட்டும் மறுமுறை நாட் அவுட்டும் வருவது இதனால்தான்.

மழையும் முடிவும்

மழையால் ஓவர் குறைந்தால் இலக்கைத் திருத்த டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை. சூத்திரம் உங்களுக்கு வேண்டாம். அது நாம் முதலில் பேசிய அதே இரண்டு கையிருப்பை எடை போடுகிறது. அதனால்தான் துரத்தும் அணி ஒரு விக்கெட் இழந்ததும் 'பார் ஸ்கோர்' (அந்த நொடியில் ஆட்டம் நின்றால் சமநிலைக்குத் தேவையான ரன்) எகிறுகிறது. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்த முறை இல்லை. இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை பெய்தது. முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிப்பது அன்றைய விதி. ஓவர் குறைந்தது, இலக்கு ஒரே ஒரு ரன்தான் குறைந்தது; முடிவில் ஒரு பந்தில் 21 ரன் என்றானது. இதற்குப் பிறகுதான் நியாயமான கணக்கைத் தேடினார்கள்.

வெற்றியை அறிவிக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. இரண்டாவதாக ஆடிய அணி வென்றால் 'ஐந்து விக்கெட் வித்தியாசம்' என்பார்கள். கையில் மிஞ்சிய விக்கெட் அது. முதலில் ஆடிய அணி வென்றால் 'இருபது ரன் வித்தியாசம்'. எட்டு விக்கெட் வித்தியாசம் என்றால் பெரிய வெற்றி போலத் தோன்றும்; கடைசிப் பந்தில் வென்றிருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். மிச்சமிருந்த பந்தையும் சேர்த்துப் பாருங்கள்.

டெஸ்ட்டுக்கு எப்போது வருவது?

பத்துப் பதினைந்து ஆட்டம் பார்த்த பிறகு. டெஸ்ட்டில் ஜெயிக்க, எதிரணியின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பொதுவாக 20 விக்கெட் எடுக்க வேண்டும். எவ்வளவு ரன் குவித்தாலும் அந்த 20 கிடைக்காவிட்டால் டிராதான். ஐந்து நாள் ஆடி முடிவே இல்லையா என்று சலிப்பவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா ஆடிய 2021 ஜனவரி சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாளைத் தேடிப் பார்க்கட்டும். இந்தியாவுக்கு 407 ரன் இலக்கு. ஐந்து விக்கெட் போன நிலையில், தொடைத் தசை பிடித்துக்கொண்ட விஹாரியும் முதுகு வலியோடு அஸ்வினும் 40 ஓவருக்கு மேல் நின்று ஆட்டத்தை டிராவாக்கினார்கள். விஹாரி 161 பந்தில் 23 ரன். டி20யில் பார்த்தால் கோபம் வரும் எண். அன்றைக்கு அணியைக் காப்பாற்றிய எண்.

ஐந்து நாளும் உட்கார வேண்டியதில்லை. புதுப் பந்தோடு தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். 80 ஓவர் முடிந்ததும் பந்துவீசும் அணி இரண்டாவது புதுப் பந்தை எடுக்கலாம்; அப்போது மறுபடி ஸ்லிப்புகள் நிறையும், அதையும் தவறவிடாதீர்கள். நேரம் கிடைத்தால் ஐந்தாம் நாளின் கடைசி இரண்டு மணி நேரம்.