எண்ணெய் யாருடையது, வழி யாருடையது? – மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எண்ணெய்க் கப்பல் வாடகை, கடல்சார் காப்பீடு இரண்டையும் நன்கறிந்த நம் உறுப்பினர் ஒருவரிடம், வல்லரசுகள் எண்ணெயையும் ராணுவக் கூட்டணிகளையும் வைத்து எப்படி ஆதிக்கம் செய்கின்றன என்று கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் சில இங்கே.

முருகேசன், தாராவி: சார், அமெரிக்கா எண்ணெய்க்காகத்தான் சண்டை போடுதுன்னு சொல்றாங்க. இப்ப அவங்க ஊர்லயே நிறைய எடுக்கறாங்களே, அப்புறம் எதுக்கு வளைகுடால படை?

நல்ல கேள்வி. 2018 முதல் உலகிலேயே அதிகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். 2024-ல் நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்தார்கள். அந்தப் படை அங்கே இருப்பது எண்ணெயை அள்ளிக்கொண்டு போக என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையைக் கடக்கும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி வருவது ஆசியாவுக்கு. சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா நான்கும்தான் பெரிய வாடிக்கையாளர்கள். இவர்களில் இருவர் அமெரிக்காவின் ராணுவக் கூட்டாளிகள், ஒருவர் போட்டியாளர். அந்த வழியில் காவல் நிற்பவரிடம் மூவருக்குமே ஒரு பயம் இருக்கும்.

தடுக்க முடிகிறவர் கைதான் ஓங்கும். ஜப்பான் தன் எண்ணெயில் சுமார் 80 சதவீதத்தை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. 1941 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் படை டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசிய எண்ணெய் வயல்களிலும் இறங்கியது.

செல்வி, செம்பூர்: எண்ணெயும் கூட்டணியும் எப்ப ஒண்ணா சேர்ந்தது? ஒரு உதாரணம் முழுசா சொல்லுங்களேன்.

தொடக்கம் 1914. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. வேல்ஸில் நிலக்கரி உண்டு, எண்ணெய் கிடையாது. ஆகவே ஈரானில் எண்ணெய் எடுத்துவந்த ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை அரசே வாங்கிப் போட்டது.

முழு உதாரணம் வேண்டுமென்றால் ஈரானைப் பாருங்கள். 1951-ல் பிரதமர் மொசாதெக்கின் அரசு எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. பிரிட்டன் உடனே படையை இறக்கவில்லை. முதலில் வாங்குகிறவர்களைப் பயமுறுத்தியது: "இது எங்கள் எண்ணெய். வாங்கினால் வழக்குத் தொடுப்போம்." 1952-ல் ரோஸ் மேரி என்ற டேங்கர் ஈரான் எண்ணெயோடு வந்தபோது ஏடனுக்குள் திருப்பிவிட்டு, அங்கே பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வழக்காடிச் சரக்கைப் பிடுங்கினார்கள். அதைப் பார்த்த மற்ற கப்பல் முதலாளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். கிணறு நிறைய எண்ணெய், வாங்க ஆள் இல்லை. கஜானா காலி, தெருவில் கொந்தளிப்பு. அதற்குப் பிறகுதான் 1953 ஆகஸ்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னின்று நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு. 1954-ல் பங்கு பிரித்தார்கள்: பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்துக்கு 6. அடுத்த ஆண்டே ஈரான், பாக்தாத் ஒப்பந்தம் என்ற மேற்கு நாடுகள் சார்ந்த ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது.

வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சந்தையை மூடு, பிறகு ஆட்சியை மாற்று, பிறகு பங்கைப் பிரி, கடைசியில் கூட்டணியில் சேர். கூட்டணி என்பது ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குப் போடும் பூட்டு.

சவுதியில் கதை வேறு. 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டும் மன்னர் அப்துல் அஜீஸும் போர்க்கப்பலில் சந்தித்தார்கள். நேட்டோ போல ஒருவரைத் தாக்கினால் மற்றவர் வருவார் என்ற பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. விமானத்தளம், பயிற்சிக் குழு, ஆயுத விற்பனை ஆகியவைதான் பிணைப்பு. ஒரு போர் விமானம் வாங்கினால் அடுத்த 30 ஆண்டுக்கு உதிரிபாகம், குண்டு, பராமரிப்பு எல்லாம் விற்றவரிடம்தான். கையெழுத்தைவிட அது உறுதியான கட்டு.

வெங்கட்ராமன், மாட்டுங்கா: எண்ணெயை டாலரில் மட்டுமே விற்பது என்ற 50 ஆண்டு ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. 1974 ஜூனில் அமெரிக்காவும் சவுதியும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையத்துக்கு. டாலரில் மட்டுமே விற்கவேண்டும் என்ற விதி அதில் இல்லை. எண்ணெய்ப் பணத்தைச் சவுதி அமெரிக்கக் கடன் பத்திரங்களில் சத்தமில்லாமல் போட்டது, அதுதான் நடந்த விஷயம். டாலர் நீடிப்பதற்குக் காரணம் சட்டம் அல்ல, வசதி. உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் பிரெண்ட் போன்ற அடிப்படை விலைகள் எல்லாம் டாலரில் இருக்கின்றன. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவுதி நாணயமே அதில் கட்டப்பட்டிருக்கிறது.

ரூபாயில் கொடுத்தால் என்ன ஆகும்? 2012-ல் எண்ணெய்க்காக ஈரானுக்கு நாம் தரவேண்டியதில் 45 சதவீதம் யூகோ வங்கியில் ரூபாயாகப் போடப்பட்டது. அந்தப் பணத்தில் ஈரான் நம்மிடம்தான் அரிசி, தேயிலை, மருந்து என்று வாங்கமுடியும். 2023-ல் ரஷ்யாவுக்கும் அதே சிக்கல். இந்திய வங்கிகளில் ரூபாய் குவிந்து கிடக்கிறது, பயன்படுத்த வழியில்லை என்று அவர்கள் வெளியுறவு அமைச்சரே கோவாவில் சொன்னார்.

ஸ்டீபன், முலுண்ட்: வாஷிங்டன்ல ஒரு காகிதம் போட்டா நடுக்கடல்ல கப்பல் எப்படிங்க நிக்குது?

கப்பலை யாரும் கையால் நிறுத்துவதில்லை. ஒரு டேங்கர் துறைமுகத்துக்குள் வர, எண்ணெய்க் கசிவுக்கான பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும். உலகக் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்கு இந்தப் பொறுப்பை ஏற்பது 12 சங்கங்கள் கொண்ட ஒரே குழு. அதன் மறுகாப்பீட்டில் (காப்பீடு தருபவர்களே தங்களுக்கு எடுக்கும் காப்பீடு) பெரும்பகுதி லண்டனையும் மேற்கு நாட்டுச் சந்தைகளையும் நம்பியது. அடுத்து கப்பலின் தகுதியைச் சொல்லும் வகைப்பாட்டு நிறுவனம், பிறகு கப்பல் பதிவான நாட்டின் கொடி, பிறகு வங்கி. டாலரில் பணம் நகர்ந்தால் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் போகும். தொட்டாலே அமெரிக்கச் சட்டம் பாயும். 2014-ல் பிரெஞ்சு வங்கியான பி.என்.பி. பாரிபாவுக்கு அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக விழுந்த தண்டம் ஏறக்குறைய 900 கோடி டாலர். காப்பீடு, மறுகாப்பீடு, வகைப்பாடு, கொடி, வங்கி என்ற ஐந்து கண்ணியில் ஒன்று அறுந்தால் போதும்.

2022 டிசம்பர் 5 முதல் ரஷ்ய எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என்று மேற்கு நாடுகள் உச்சவரம்பு வைத்ததும் இந்தப் பிடியை நம்பித்தான். அதற்குமேல் விலை என்றால் மேற்கத்தியக் காப்பீடு கிடையாது என்றார்கள். ரஷ்யா பழைய டேங்கர்களை வாங்கிச் சேர்த்து, கொடியை அடிக்கடி மாற்றி, இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்து, நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் மாற்றி விற்றது. இதில் பயப்படவேண்டிய விஷயம் அரசியல் இல்லை. 15, 20 வயதான கப்பல் உடைந்தால், கரையைச் சுத்தம் செய்யப் பணம் கொடுக்க ஆளிருக்காது.

பாத்திமா, குர்லா: ஹோர்முஸை மூடிட்டா குழாய் வழியா அனுப்பக் கூடாதா?

கொஞ்சம்தான் முடியும். 2024-ல் நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெயும் எண்ணெய்ப் பொருள்களும் அவ்வழியே போயின. சவுதியின் கிழக்கு–மேற்குக் குழாய் 50 லட்சம், தேவையென்றால் 70 லட்சம். அமீரகத்தின் ஃபுஜைரா குழாய் 15 லட்சம் அளவு. குவைத்துக்கும் கத்தாருக்கும் வேறு வழியே இல்லை. நம் வீட்டு சிலிண்டருக்கான வாயுவில் பெரும்பகுதி வருவதும் ஹோர்முஸ் வழியே. இன்னொன்று: சவுதிக் குழாய் முடிவது செங்கடலில். அங்கிருந்து ஆசியாவுக்கு நேர்வழியில் வர செங்கடலின் தென்வாயிலான பாப் எல் மந்தெப் நீரிணையைக் கடக்கவேண்டும். ஏமனின் ஹூதி படையினர் 2023 நவம்பர் முதல் கப்பல்களைத் தாக்கியது அந்தப் பக்கத்தில்தான்.

அந்தோணி, வசாய்: சீனா மியான்மர்ல குழாய் போட்டு மலாக்காவைத் தாண்டிட்டாங்களாமே?

மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் மியான்மர் கடற்கரை கியாக்பியூவிலிருந்து சீனாவின் குன்மிங்குக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் கொள்ளளவு ஆண்டுக்கு 2.2 கோடி டன். நாளுக்கு 4.4 லட்சம் பீப்பாய் வரும். சீனா இறக்குமதி செய்வது நாளுக்கு 1.1 கோடி. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கார்த்திக், நெருல்: நாம எந்தக் கூட்டணியிலும் இல்லையே, நமக்கென்ன?

1991 ஜனவரியில் சந்திரசேகர் அரசு அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்கள் இங்கே மும்பையில் இறங்கி எரிபொருள் நிரப்ப அனுமதித்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்த நேரம். குவைத் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது. ஐ.எம்.எஃப். கடன் தேவைப்பட்டது. காங்கிரஸ் எதிர்த்ததும் நிறுத்தினார்கள். 2016-ல் அமெரிக்காவுடன் கையெழுத்தான தளவாட ஒப்பந்தத்தில் அதே எரிபொருள் விவகாரம் கணக்கு வழக்கோடு முறைப்படுத்தப்பட்டது. கூட்டணி என்ற பெயர் அதற்கும் இல்லை.

நம் பலவீனம் இருப்பில். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் உள்ள அரசின் அவசரகாலக் கிடங்குகளும் சேர்த்து 53.3 லட்சம் டன். முழுக்க நிரப்பினாலும் ஒன்பதரை நாள் தேவை. நிறுவனங்களின் தொட்டிகளில் இருப்பது தனி. ரஷ்ய எண்ணெயை எளிதாக ஏற்க முடிந்ததற்கு ஒரு காரணம், யூரல்ஸ் என்ற ரஷ்ய ரகம் நாம் பழகிய வளைகுடா ரகங்களைப் போல நடுத்தர அடர்த்தியும் கந்தகமும் கொண்டது. அமெரிக்க ஷேல் எண்ணெய் இலேசானது, டீசல் குறைவாக இறங்கும். வெனிசுவேலாவின் கனமான எண்ணெயைச் சிக்கலான பெரிய சுத்திகரிப்பு ஆலைகள்தான் தாங்கும். யாருடன் நட்பு என்பதை ஓரளவு ஆலையின் வடிவமைப்பும் தீர்மானிக்கிறது. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக அமெரிக்கா நம் பொருள்கள் மீது போட்ட 25 சதவீதக் கூடுதல் வரி நினைவிருக்கும்.

செல்வி, செம்பூர்: இன்னொரு கேள்வி. எங்க வீட்டுப் பக்கத்து மாகுல் ஆலைகளுக்கும் இந்த அரசியலுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. முன்பு அவை எஸ்ஸோ, பர்மா ஷெல் ஆலைகள். 1960-ல் சோவியத் யூனியன் ரூபாய்க்கு, மலிவாகக் கச்சா எண்ணெய் தருவதாகச் சொன்னது. அந்நிய நிறுவனங்கள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டியே தங்கள் விலையைக் குறைக்கவைத்தோம். அதே ஆண்டு கியூபாவிலும் இதே மறுப்பு. காஸ்ட்ரோ ஆலைகளையே பறிமுதல் செய்தார், அமெரிக்கா சர்க்கரை வாங்குவதை நிறுத்தியது. இங்கே எஸ்ஸோ 1974-லும் பர்மா ஷெல் 1976-லும் பேச்சுவார்த்தையில் விலை கொடுத்து அரசு வசம் வந்தன. 1974 பிப்ரவரியில் மும்பைக் கடலில் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைத்திருந்தது. பேரம் பேச அது கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.