ரோட்டுல விட்டுட்டுப் போன கிராஸ் நாய்க்கு வீடு தேடுறது: கேள்வி பதில்

சென்னையில ரொம்ப வருஷமா நாய் ரெஸ்க்யூ, அடாப்ஷன்னு அலையுறவ நான். டாக்டர் இல்ல, அதனால மருந்து டோஸ் மட்டும் கேக்காதீங்க, எத்தனை தடவ கேட்டாலும் சொல்ல மாட்டேன். மத்தது எல்லாம் கேளுங்க.

பெருங்களத்தூர்லேர்ந்து: அக்கா, எங்க தெரு முனையில மூணு நாளா ஒரு பொட்ட நாய் நிக்குது. பிரவுன் கலர், காது தொங்குது, லேப் (லேப்ரடார்) கிராஸ் மாதிரி. கழுத்துல பெல்ட் கட்டின தடம் இருக்கு. தெரு நாயா, யாராவது விட்டுட்டுப் போனதா?

பெல்ட் தடமே பாதி கதைய சொல்லிடுச்சு தம்பி. தெரு நாய்க்கு அந்தத் தெரு அத்துப்படி, எந்தக் கடையில பிஸ்கட் கிடைக்கும், எந்த காருக்கு அடியில படுக்கலாம், மழை வந்தா எங்க ஒதுங்கணும்னு எல்லாம் தெரியும். விட்டுட்டுப் போன நாய் எறக்கிவிட்ட எடத்துலயே நிக்கும். ஒவ்வொரு கார் ஸ்லோ ஆகும்போதும் எழுந்து கதவு பக்கம் பாக்கும், கார் போனதும் திரும்ப அதே எடத்துல உக்காந்துக்கும். தெருவுல இருக்கற மத்த நாய்ங்க குரைச்சா எதிர்த்துக் குரைக்கத் தெரியாம வாலை இடுக்கிட்டு மல்லாந்துடும்.

காது நுனிய பாருங்க. சின்னதா ஒரு வெட்டு இருந்தா ஏபிசி ஆபரேஷன், அதாவது கருத்தடை ஆபரேஷன் பண்ணின நாய்னு அர்த்தம். 2023 ஏபிசி ரூல்ஸ்படி ஆபரேஷன் பண்ணி, தடுப்பூசி போட்டு, புடிச்ச எடத்துலயே திரும்ப விடணும். அந்த மாதிரி நாய் நல்லபடியா இருந்துச்சுன்னா பாவம்னு தூக்கிட்டுப் போகாதீங்க, அதோட வீடே அந்தத் தெருதான்.

தொலைஞ்ச நாயாவும் இருக்கலாம். தீபாவளி வெடிக்கு பயந்து கிலோமீட்டர் கணக்குல ஓடுற நாய்ங்க உண்டு. அதனால டாக்டர்கிட்ட போறப்போ தோலுக்கு அடியில மைக்ரோசிப் இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, இருந்தா 15 இலக்க நம்பர் வரும். "நாய் கிடைச்சிருக்கு"ன்னு ஏரியா குரூப்ல போட்டோ போடுங்க, ஆனா ஒரு அடையாளத்தை மறைச்சு வைங்க. வயித்துல வெள்ளைப் புள்ளி இருக்கு, வால் நுனி வளைஞ்சிருக்குங்கற மாதிரி ஏதாவது. என் நாய்தான்னு வர்றவர் அதச் சொல்லணும், பழைய போட்டோவும் காட்டணும்.

அதே தம்பி: சாப்பாடு வச்சா சாப்புடுது, கைய நீட்டினா ஓடிருது. எப்படிப் புடிக்கிறது?

துரத்தாதீங்க, ரெண்டு தடவ துரத்தினா ஏரியாவ விட்டே போயிடும். நாலு ஃப்ரெண்ட்ஸ கூட்டிட்டு வந்து சுத்தி வளைக்கறதும் வேணாம். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே எடம். உப்பு போடாம வேகவச்ச சிக்கன் எடுத்துட்டுப் போய் பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க, கண்ணப் பாக்காதீங்க, போன நோண்டிக்கிட்டு இருங்க. துண்டை முதல்ல தூரமா போடுங்க, அப்புறம் கொஞ்சம் கிட்ட, அப்புறம் உங்க கால்கிட்ட. அது வந்து உங்க செருப்ப மோந்து பாக்கும், அப்பவும் தலைய தடவக் கூடாது, மேலேர்ந்து வர்ற கை அதுக்கு அடி மாதிரிதான் தெரியும். தாடைக்குக் கீழ தொடுங்க.

கழுத்துக்கு பெல்ட் போடாதீங்க, பயந்த நாய் பின்னாடி இழுத்தா தலை வழியா கழண்டுடும். இழுத்தா இறுகுற மாதிரி சுருக்கு லீஷ் இருக்கு பாருங்க, அது வாங்கிக்கோங்க. புடிச்சதும் நேரா கேட் இருக்கற எடத்துக்குள்ள கொண்டு போயிடணும்.

மடிப்பாக்கம்: எங்க தெருவுல கார்ல வந்து ஒரு நாய எறக்கி விட்டது சிசிடிவில இருக்கு மேடம். வண்டி நம்பர் தெரியுது. கேஸ் போட முடியுமா?

முடியும். வளக்கற பிராணிய காரணமில்லாம கைவிடறது 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11வது பிரிவுலயே குற்றம். வீடியோவ தேதி, நேரத்தோட காப்பி எடுத்து ஸ்டேஷன்ல எழுத்துல புகார் குடுங்க, ரசீது கேட்டு வாங்குங்க. ஆனா தண்டனையக் கேட்டா சிரிப்பீங்க. முதல் தடவன்னா 10 ரூபாயிலேர்ந்து 50 ரூபா வரைக்கும் ஃபைன். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதிகபட்சம் அதே 50 ரூபாதான். இருந்தாலும் புகார் குடுங்கன்னுதான் சொல்லுவேன், போலீஸ்லேர்ந்து ஒரு போன் போனாலே அந்த ஆள் அடுத்த நாய வாங்க யோசிப்பான். அந்த வீடியோவ ஊர் பூரா பரப்பி அந்தாள அசிங்கப்படுத்துறது மட்டும் வேண்டாம். அப்புறம் கோவத்துல அந்த நாய திரும்ப தூக்கிட்டுப் போய் இன்னும் தூரமா விட்டுடுவான்.

பெருங்களத்தூர்: அக்கா புடிச்சாச்சு! எங்க வீட்டு மாடி ரூம்ல இருக்கா. காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா இருக்கு. அம்மா மண்ணெண்ணெய் தடவலாங்கறாங்க. மூக்கு சூடா இருக்கு, டோலோ குடுக்கவா?

ரெண்டும் கூடாது! மண்ணெண்ணெய் தோலையும் வேகவைக்கும், நக்கினா வயித்தையும் கெடுக்கும். மனுஷ மாத்திரை எதுவும் நாய்க்கு உங்க இஷ்டத்துக்கு குடுக்கக் கூடாது, ப்ரூஃபென் மாதிரி ஐட்டம் கிட்னியவே காலி பண்ணிடும்.

மூக்கு சூட்ட வச்சு ஜுரம் சொல்ல முடியாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, ரோஸ் கலர்ல இருக்கணும். விரலால ஒரு அழுத்து அழுத்தி எடுத்தா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள கலர் திரும்பணும். ஈறு வெளுத்துப் போய் தாள் மாதிரி இருந்தாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ, சோந்து படுத்துட்டாலோ இன்னைக்கே ஓடுங்க. இவ்ளோ உண்ணி இருக்கற நாய்க்கு டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, எர்லிக்கியா, பபீசியான்னு ரெண்டு கிருமி நம்ம ஊர்ல சகஜம், பிளேட்லெட்ட எறக்கி விட்டுடும். ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. எர்லிக்கியான்னா மாத்திரை பொதுவா நாலு வாரம் ஓடும், மூணாவது நாளே துள்ளிக் குதிக்கும், அதப் பாத்து நிறுத்திடாதீங்க.

காசு பிரச்சனைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலையில சீக்கிரம் போயிடுங்க, கூட்டம் அள்ளும்.

சாப்பாடு, பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே நேரத்துல தட்டு நெறய வைக்காதீங்க. குழைஞ்ச சாதம், சிக்கன், கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை. பால் வேண்டாம், பேதி புடுங்கும். வேகவச்ச எலும்பும் வேண்டாம்.

மதுரை: நானும் ஒரு குட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்க்கா, வீட்ல ஏற்கனவே எட்டு வயசு நாய் ஒண்ணு இருக்கு. ரெண்டையும் எப்ப சேத்து விடலாம்?

ரெண்டு வாரம் தனி ரூம், தனி தட்டு, தனி துணி. பார்வோ, டிஸ்டெம்பர்னு உயிரையே எடுக்கற ரெண்டு வைரஸ் நோய் இருக்கு, ரெண்டும் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கும். பார்வோ வைரஸ் தரையில மாசக்கணக்குல உயிரோட இருக்கும், ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச் கலந்த தண்ணியாலதான் தொடைக்கணும். பெரிய நாயோட வருஷாந்திர ஊசி பாக்கி இருந்தா உடனே போட்டுடுங்க. அப்புறம் சேக்கும்போது வீட்டுக்குள்ள வேணாம், வெளிய ரெண்டு பேர் ரெண்டு லீஷ்ல ஒண்ணா நடத்திக் கூட்டிட்டு வாங்க.

வேலூர்: குளிப்பாட்டும்போது கையில கீறிடுச்சு. ரத்தம் லேசா வந்துச்சு. நாய் நல்லாத்தான் இருக்கு, ஊசி அவசியமா?

அவசியம். இதுல வாதமே கிடையாது. சோப்பு போட்டு குழாய்த் தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரத்தப் பாத்துக் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. இன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி இல்லன்னா ஆரம்ப சுகாதார நிலையம் போங்க, ஏஆர்வி, அதாவது ரேபிஸ் தடுப்பூசி ஃப்ரீ. தோல்ல போடுற ஊசின்னா 0, 3, 7, 28ம் நாள். ரத்தம் வந்ததால இம்யூனோகுளோபுலினும் வேணுமான்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிக் கேளுங்க, நிறைய பேர் "சும்மா கீறல்"னு சொல்லிட்டு அத விட்டுடறாங்க. நாய பத்து நாள் கவனிங்க, ஆனா பத்து நாள் பாத்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு மட்டும் உக்காராதீங்க. ரேபிஸ் வந்துட்டா வைத்தியம் கிடையாது.

பெருங்களத்தூர்: அக்கா, நம்ம பொண்ணுக்கு பின்னாடி ரத்தம் சொட்டுது. ஹீட்டா?

ஹீட்டா, அதாவது இணை சேரற பருவமா இருக்கலாம், ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க. தெருவுல கொஞ்ச நாள் இருந்த பொட்ட நாய்க்கு டிவிடி (TVT)ன்னு ஒரு புற்றுநோய்க் கட்டி வரும், இணை சேரும்போது ஒட்டிக்கறது, காலிஃப்ளவர் பூ மாதிரி இருக்கும், ரத்தம் மட்டும் வாரக்கணக்குல நிக்காது. பேரைக் கேட்டு பயப்படாதீங்க, வாரம் ஒரு கீமோ ஊசி போட்டா பெரும்பாலும் முழுசா குணமாயிடும். இன்னொண்ணு பயோமெட்ரா, கர்ப்பப்பையில சீழ், அது ஹீட் முடிஞ்சு சில வாரம் கழிச்சு வரும், தண்ணியா குடிச்சுத் தள்ளும், சாப்பிடாது. அது எமர்ஜென்சி.

ஹீட்தான்னு டாக்டர் சொன்னா வெளிய லீஷ் இல்லாம விடாதீங்க, மாடியில தனியாவும் விடாதீங்க, ஆண் நாய்ங்க செவுரு ஏறிக் குதிக்கும். ஆபரேஷன் பொதுவா ஹீட் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி யாருக்கும் குடுக்காதீங்க. "நாங்களே பண்ணிக்கறோம்"னு நூறு பேர் சொல்லுவாங்க, பண்ண மாட்டாங்க. "ஒரு தடவ குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது"ன்னு ஒரு கூட்டம் இருக்கு, சுத்தப் பொய். அந்தக் குட்டிங்கதான் அட்டப்பொட்டியில என் கேட்டு முன்னாடி வந்து எறங்குது.

திருச்சி: அடாப்ஷன் போஸ்ட் போட்டா "ஆண் இருக்கா, ப்யூர் பிரீட் இருக்கா"ன்னு கேட்டுட்டு ஓடிடறாங்க. என்ன எழுதணும்?

ஓடறவங்க ஓடட்டும்ங்க, நல்லதுதான். பொட்ட நாய் வேண்டாங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ரத்தமும் குட்டியும்தான் பயம். "ஆபரேஷன் முடிஞ்சது, இனிமே ரெண்டும் கிடையாது"ன்னு முதல் வரியில போடுங்க. லேப்னு பொய் எழுதாதீங்க. லேப் கேட்டு வந்தவர் ஆறு மாசத்துல மூஞ்சி நீண்டுடுச்சுன்னு திருப்பி விடுவாரு. நாட்டு நாய் கலந்த கிராஸ்னு தைரியமா எழுதுங்க. நம்ம வெயிலுக்குத் தாங்கும், ஓவரா முடி கொட்டாது, டாக்டர் செலவும் பொதுவா கம்மி.

போட்டோ, கூண்டுக்குள்ள சோகமா உக்காந்திருக்கற மாதிரி வேணாம். சாயங்கால வெளிச்சத்துல, நாய் உயரத்துக்கு நீங்க உக்காந்து எடுங்க. ஒரு பத்து செகண்ட் வீடியோ, அது ஒரு பிள்ளைகூட விளையாடுற மாதிரி. அப்புறம் உண்மைய எழுதுங்க: தனியா விட்டா கத்துவா, பூனையப் பாத்தா துரத்துவா, பைக்ல போக பயம். குறைய எழுதினா யாரும் வரமாட்டாங்கன்னு நெனைக்காதீங்க. "பாவம், காப்பாத்துங்க, இல்லன்னா செத்துடும்"னு எழுதுனாத்தான் தப்பான ஆளுங்க வருவாங்க, அந்த நிமிஷ எரக்கத்துல கேட்டுட்டு ஒரு வாரத்துல ஃபோன எடுக்க மாட்டாங்க.

சேலம்: கேக்குறவங்க நல்லவங்களான்னு எப்படித் தெரியும்?

பேச விடுங்க. நான் முதல்ல கேக்குறது "இதுக்கு முன்னாடி நாய் வளத்தீங்களா, அது என்ன ஆச்சு"ன்னுதான். வயசாகி போச்சுன்னு கண்ணு கலங்கினா நம்பிக்கை வரும். "அது எங்கயோ போயிடுச்சுங்க"ன்னு சாதாரணமா சொன்னா அதோட ஃபோன வச்சுடுவேன். அடுத்து, நாய் ராத்திரி எங்க படுக்கும்? "தோட்டத்துக்குக் காவலுக்கு"ன்னா நாள் பூரா சங்கிலி, ஒரு வேளை சோறு. எல்லாத் தோட்டமும் அப்படியில்ல, ஆனா நேர்ல பாக்காம நம்பாதீங்க. ஆபரேஷன் பண்ணாத நாய் இருக்கான்னு கேட்டா பிரீடிங்குக்கு. ஜோசியர் பைரவருக்கு கருப்பு நாய் வளக்கச் சொன்னாருன்னு வர்றவங்களும் உண்டு, தேய்பிறை அஷ்டமிக்கு தெரு நாய்ங்களுக்கு சோறு போடுங்க சாமி, அதுவே புண்ணியம்னு அனுப்பிடுவேன், பரிகாரம் முடிஞ்சா நாய் என்ன ஆகும்?

வீட்டுக்கு நேர்ல போங்க. கேட் கம்பி இடைவெளி, மாடி கைப்பிடி சுவரு பாருங்க. வீட்ல எல்லாரையும் பாக்கணும், முக்கியமா நாயப் பாத்துக்கப் போறது யாருன்னு. பல வீட்ல ஆசைப்படுறது பையன், சோறு வைக்கப் போறது அம்மா, அந்த அம்மா கதவு பின்னாடி நின்னு மூஞ்சிய சுளிச்சா அங்க வேலைக்காகாது. வாடகை வீடுன்னா ஓனர்கிட்டயும் ஒரு வார்த்தை. ஆதார் காப்பி வாங்கிட்டு, "வச்சுக்க முடியலன்னா உங்ககிட்டயேதான் திருப்பித் தருவேன்"னு எழுதி கையெழுத்து வாங்குங்க. 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுலயும், தத்தெடுத்த தெரு நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது, அது தத்தெடுத்தவர் பொறுப்புன்னு இருக்கு, அதையும் சொல்லி வைங்க.

அண்ணா நகர்: அபார்ட்மெண்ட் அசோசியேஷன் நாய் கூடாதுங்கறாங்க.

அப்படித் தடை போட அவங்களுக்கு உரிமை இல்ல, விலங்குகள் நல வாரியம் 2015லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. நீங்க மாநகராட்சி லைசென்ஸ் எடுத்து, ரேபிஸ் ஊசி சர்டிஃபிகேட் வச்சு, லிஃப்ட்ல லீஷ் போட்டு, கக்காவ அள்ளிட்டீங்கன்னா வாய திறக்க மாட்டாங்க.

பெருங்களத்தூர்: கோயம்புத்தூர்ல ஒரு டீச்சர் குடும்பம் கேக்குறாங்க அக்கா. வீடியோ கால்ல எல்லாரும் பேசுனாங்க, அவங்க பழைய நாய் பதினாலு வயசு வரைக்கும் இருந்துச்சாம். ஆபரேஷனும் முடிஞ்சு தையல் பிரிச்சாச்சு. எப்படி அனுப்பறது?

சூப்பர் தம்பி! முதல்ல கோவையில யாராவது ரெஸ்க்யூ ஆளப் புடிச்சு அந்த வீட்ட நேர்ல பாக்கச் சொல்லுங்க, வீடியோ கால் பத்தாது. ட்ரெயின்னா ஃபர்ஸ்ட் ஏசில கூப்பே (ரெண்டு பேர் ரூம்) முழுசா புக் பண்ணினாத்தான் கூட வச்சுக்க முடியும், செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதுலயும் விடமாட்டாங்க. கடைசி பெட்டில நாய்க்கூண்டு இருக்கும், பயந்த சுபாவமுள்ள நாய அதுல போடவே போடாதீங்க. இவளுக்கு கார்தான் சரி. நடுவுல எறக்கும்போது ரெண்டு லீஷ் போடுங்க, ஒண்ணு நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ்ல, ஒண்ணு கழுத்துல. கிளம்பறதுக்கு முன்னாடி வயித்த ரொம்ப நெறப்பாதீங்க, வாந்தி எடுக்கும்.

ஊசி போட்ட புக், ஆபரேஷன் பேப்பர், இப்ப சாப்பிடற சாப்பாட்டுல ஒரு வாரத்துக்கு, அப்புறம் அவ படுத்த பழைய போர்வை, துவைக்காம அப்படியே குடுத்து விடுங்க. அவங்ககிட்ட சொல்லுங்க, முதல் மூணு நாள் கட்டிலுக்கு அடியில கிடப்பா, சரியா சாப்பிட மாட்டா, சொந்தக்காரங்களக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். மூணு வாரத்துல வீட்டு டைம் புரியும். மூணு மாசம் ஆனப்புறம்தான் அவளோட நெஜ குணம் வெளிய வரும், செருப்பு கடிக்கறது அப்பதான் ஆரம்பிக்கலாம். நாய் ஓடிப்போறதும் பெரும்பாலும் முதல் வாரத்துலதான், அதனால கேட்ட திறக்கற ஒவ்வொரு தடவையும் அவ எங்க இருக்கான்னு பாத்துட்டுத் திறக்கச் சொல்லுங்க. பெல்ட்ல ஃபோன் நம்பர் பொறிச்ச டேக் நீங்களே இங்கயே மாட்டி அனுப்புங்க, அவங்க நம்பர் ஒண்ணு, உங்க நம்பர் ஒண்ணு.