சிங்கப்பூரில் நம் புளோக் அளவில் ஒரு தமிழ் வாசிப்புக் குழுவை மாதந்தோறும் நின்றுபோகாமல் நடத்துவது எப்படி?

கேட்டவர் சொல்வது இது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள், மாதம் ஒரு புத்தகம், ஒரு சந்திப்பு. இப்படித் தொடங்கியவை பலவும் நாலாம் மாதம் படுத்துவிடுகின்றனவே, ஏன்?

பெரும்பாலும் ஒரே காரணம்தான். வாசிப்புக் குழு என்று தொடங்குவார்கள். இரண்டாம் மாதம் வரவேற்புரை வரும், மூன்றாம் மாதம் சிறப்பு விருந்தினர் வருவார், நாலாம் மாதம் பொன்னாடை. பொன்னாடை வந்துவிட்டால் புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, கேட்டுவிட்டுப் போகலாம். மேடை போட்ட கூட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் எதற்குப் போவது எதை விடுவது என்றிருக்கும். அவையும் வேண்டியவைதான். புளோக்கில் நடப்பது வேறு வகை: பத்துப் பேர், வட்டமாக நாற்காலி, எல்லார் மடியிலும் ஒரே புத்தகம். கீழே வரும் பக்கக் கணக்கு, டீக் கணக்கு எல்லாமே அந்த வட்டத்துக்குள் மேடை நுழையாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

முதலில் ஆள் கணக்கு. பேச்சு நன்றாக ஓடுவது 8 முதல் 12 பேர் வரை. ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் பேசி மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பதினைந்தைத் தாண்டினால் தானாகவே ஒருவர் எழுந்து நின்று பேசத் தொடங்குவார், அங்கேயே மேடை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 20 பேர் இருந்தால் நேரில் பத்துப் பேரை எதிர்பார்க்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி போடாதீர்கள். போட்டால் மனத்தாங்கல் வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இங்குள்ள சங்கங்கள் சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த அமைப்பைச் சங்கமாகப் பார்க்கிறது. பெயர், சந்தா, பொறுப்பாளர் என்று இறங்கினால் பதிவு பற்றிய கேள்வி எழும். வட்டாரத்து வசிப்போர் குழுவின் (இப்போது ‘ரெசிடென்ட்ஸ் நெட்வொர்க்’ என்கிறார்கள்) கீழோ சமூக மன்றத்தின் கீழோ ஒரு நடவடிக்கையாக நடத்துவது நிம்மதி. அறையும் கிடைக்கும்.

சந்திக்கும் நாளை ஒருமுறை முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். ‘மூன்றாம் ஞாயிறு, மாலை 4 மணி’ என்றால் அதுதான். ஒவ்வொரு மாதமும் ‘எல்லாருக்கும் எந்த நாள் தோது?’ என்று வாக்கெடுப்பு வைக்கும் குழு, நாள் தேடியே களைத்துவிடும். சனிக்கிழமை துணைப்பாட வகுப்புகளுக்குப் போய்விடும். ஞாயிறு மாலை பரவாயில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு சந்திப்பு என்று கனவு காண வேண்டாம், பத்து என்று வையுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். தீபாவளி மாதத்தில் யார் கையிலும் புத்தகம் இருக்காது. இந்த இரண்டையும் முதலிலேயே விடுமுறை என்று அறிவித்துவிட்டால் ‘ஆள் வரவில்லை’ என்ற மனச்சோர்வு மிச்சம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை ஆள் தலைகாட்டாது. அந்த மாதங்களுக்குச் சிறுகதை வையுங்கள். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும், நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுதும் ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது என்பதால் 4 மணிக்குத் தொடங்கி 5.45க்கு முடித்தால் நோன்பு திறக்க வீட்டுக்குப் போக நேரம் தாராளம். அந்த ஒரு மாதம் டீயையும் பலகாரத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவது மரியாதை.

இடத்துக்கு வருவோம். புளோக்கின் திறந்த கீழ்த்தளம் இலவசம் போலத் தெரியும். ஆனால் காற்றில் குரல் கலைந்துவிடும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், அன்றைக்கென்று ஒரு கல்யாணமோ துக்கமோ அங்கே நடக்கும். நாற்காலி மேசை போட்டு நடத்த நகர மன்ற அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும். வசிப்போர் குழு அறை மேல். ஆறு மாதத்துக்குச் சேர்த்தே கேட்டு வையுங்கள். வீடு வீடாகச் சுற்றுவது நெருக்கத்தைத் தரும், ஆனால் அதற்கென்றே ஒரு நோய் உண்டு. முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். இரண்டாம் வீட்டில் வடையும் கேசரியும். மூன்றாம் வீட்டில் பிரியாணி. அடுத்த மாதம் வீடு கொடுக்க ஆள் இருக்காது. ‘ஒரு டீ, ஒரு பலகாரம், அதற்கு மேல் கிடையாது’ என்பதை முதல் நாளே எழுதிப் போடுங்கள்.

பலகாரத்துக்குச் சுண்டலை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சைவக்காரர்களும் சாப்பிடலாம், ஹலால் கேள்வியும் எழாது. 12 பேருக்கு அரை கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். வெந்தபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு மேல் நிற்கும், ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். டீ ஆளுக்கு 120 மில்லி என்றால் ஒன்றரை லிட்டர், ஒரு பெரிய ஃபிளாஸ்க். பலகாரத்தைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். பேச்சுக்கு நடுவில், ஐந்து மணிக்கு வையுங்கள்; தாமதமாக வருபவர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள், வாய் அதிகம் பேசுபவருக்கும் ஓர் இடைவேளை கிடைக்கும்.

இனிப் புத்தகம். பாதி வெற்றி இங்கேதான். முதல் சந்திப்பிலேயே யாராவது ஓர் ஐந்து பாகச் சரித்திர நாவலை முன்மொழிவார், அன்போடு மறுத்துவிடுங்கள். கணக்கு இதுதான்: இங்கே பிறந்து வளர்ந்து, வேலையில் ஆங்கிலமே புழங்கும் ஒருவர் தமிழில் அரைமணிக்குப் பத்துப் பக்கம் படித்தால் நல்ல வேகம். பூன் லேயிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயில் நேரத்தில் அவ்வளவுதான் முடியும். வாரத்துக்கு ஐந்து நாள் அப்படிப் படித்தால் நான்கு வாரத்தில் 200 பக்கம். அது எல்லாமே ஒழுங்காக நடந்தால். ஆகவே 160 பக்கத்தை உச்ச வரம்பாக வையுங்கள். முதல் மாதம் அதுவும் வேண்டாம்: மூன்று சிறுகதை, மொத்தம் 40 பக்கம். படித்து முடித்துவிட்டு வந்தோம் என்ற தெம்பு முதல் சந்திப்பில் எல்லாருக்கும் இருக்க வேண்டும். இரண்டாம் மாதம் குறுநாவல், மூன்றாம் மாதம் கட்டுரையோ பயணநூலோ.

தேர்வுக்குத் திறந்த பட்டியல் போடாதீர்கள். மூன்று நூல், ஒரு வாக்கு. முன்மொழிபவர் தான் அதை ஏற்கெனவே முழுக்கப் படித்தவராக இருக்க வேண்டும், அவர் நூல் தேர்வானால் அந்த மாத உரையாடலையும் அவரே நடத்த வேண்டும். இந்த ஒரு விதியே ‘கேள்விப்பட்டேன், நல்லா இருக்குமாம்’ வகை முன்மொழிவுகளை வடிகட்டிவிடும்.

வாக்குக்கு முன் நூலின் படிகள் (பிரதிகள்) எத்தனை கிடைக்கும் என்று பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் செயலியில் நூல் பெயரைப் போட்டால் எந்தக் கிளையில் எத்தனை படி இருக்கிறது என்று தெரியும். இரவல் காலம் 21 நாள், ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆனால் வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் புதுப்பிக்க முடியாது. இங்கேதான் வேடிக்கை. குழுவில் பத்துப் பேரும் ஒரே நூலை முன்பதிவு செய்தால் முதலில் எடுத்தவரின் புதுப்பிப்பை நம்மவரே தடுத்துவிடுகிறோம். நாலு படிதான் உண்டென்றால் நாலு பேர் மட்டும் எடுத்து, ஆளுக்குப் பத்து நாள் என்று பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்வது நல்லது. கெடு மட்டும் அட்டை யாருடையதோ அவர் நினைவில் இருக்கட்டும்.

விலைக்கு வாங்குவதென்றால் ஜனவரியில் பொங்கலை ஒட்டி ஊருக்குப் போகிறவர் சென்னைப் புத்தகக் காட்சியில் மொத்தமாக வாங்கி வரலாம். 160 பக்க நூல் ஒன்று கால் கிலோவுக்குள் இருக்கும், 12 படி மூன்று கிலோ. பெட்டியில் ஊறுகாய்க்கும் இடம் மிஞ்சும். எல்லாரும் ஒரே பதிப்பை வாங்குவது முக்கியம். பதிப்பு மாறினால் ‘பக்கம் 62’ என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் பத்து நிமிடம் தேடுவார்கள். மாறிவிட்டால் அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் இரண்டு சொல்லையும் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

காசில்லாமல் படிக்கவும் வழி உண்டு. சிங்கப்பூர் பொன்விழா ஆண்டான 2015இல் இங்குள்ள தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டம் நிறைவேறியது. அந்த நூல்களை நூலக வாரியத்தின் புக்எஸ்ஜி தளத்தில் தேடலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்திலும் பழைய நூல்கள் உள்ளன. வாட்ஸ்அப்பில் முழு நூலின் பிடிஎஃப் சுற்றுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. சிறுகதை எழுத்தாளர்கள் கு.ப.ரா. 1944இலும் புதுமைப்பித்தன் 1948இலும் மறைந்தவர்கள், ஆகவே அவர்கள் வாழ்நாளில் அச்சான கதைகளை அச்சமில்லாமல் அச்செடுத்துக் கொடுக்கலாம். முதல் மாதத்து மூன்று கதைக்கு அங்கேயே போதும்.

சந்திப்பை நடத்தும் விதம். 4 மணி என்றால் 4.10க்குத் தொடங்கிவிடுங்கள், ஆறு பேர் இருந்தாலும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் கோடிட்ட ஒரே ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பார், ஏன் அது என்று இரண்டு வரி சொல்வார். ஆளுக்கு இரண்டு நிமிடம், சுற்று இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். இது சும்மா சடங்கில்லை. கூச்சமுள்ளவர் வாயை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு தானே பேசுவார். முதல் அரைமணி வாயே திறக்காதவர் கடைசி வரை திறக்க மாட்டார். தவிர, இரண்டு பேர் ஒரே பத்தியை வெவ்வேறு காரணத்துக்காகக் கோடிட்டிருப்பார்கள். அன்றைய பேச்சு அங்கேயிருந்து கிளம்பும்.

கேள்விகளை நடத்துபவர் ஆறு எழுதி வரட்டும், மூன்றுதான் செலவாகும். ‘கதை பிடிச்சிருந்துச்சா?’ என்று கேட்டால் ‘ம்ம், நல்லா இருந்துச்சு’ என்பதோடு முடிந்தது. ‘ஆசிரியர் கூற விரும்பும் கருத்து யாது?’ என்று கேட்டால் எல்லாரும் உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்புக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, கதையில் வரும் மூத்த மருமகள் ஒரு கடிதத்தைப் பற்றி வாய் திறக்காதது ஏன், அவள் சொல்லியிருந்தால் வீடு என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். கேள்வி கதைக்குள் இருக்கும் ஓர் ஆளையோ பொருளையோ தொட வேண்டும்.

அதிகம் பேசுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு, பெரும்பாலும் நிறையப் படித்தவர், கெட்டவர் இல்லை. அவரை எதிரே உட்கார வைக்காதீர்கள், நடத்துபவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காவிட்டால் பேச்சு நீளாது. நீண்டால், ‘அண்ணே, அந்தப் பாயிண்ட்ட அப்படியே வச்சிருங்க, அக்கா என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டுட்டு உங்ககிட்ட வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, கட்டாயம் திரும்ப வந்து கேளுங்கள். கேட்காமல் விட்டால் அடுத்த முறை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

படித்து முடிக்காதவரும் வரலாம். ஆனால் அவருக்காக முடிவை மறைத்துப் பேசும் வேலை வேண்டாம்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. ஒரே வட்டத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி எல்லாரும் இருப்பார்கள். ஒருவர் வாசிக்கும்போது இன்னொருவர் ழகரத்தைத் திருத்தினால் திருத்தப்பட்டவர் மறுமாதம் வர மாட்டார். திருத்தக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். ஆங்கிலச் சொல் கலந்தால் கலக்கட்டும். மாறாக, சிங்கப்பூர், மலேசியக் கதைகளை அடிக்கடி தேர்ந்தெடுங்கள். அவற்றில் ‘கம்பம்’ என்றால் மலாய்க்காரர் சொல்லும் கிராமம், ‘கித்தா’ என்றால் ரப்பர், ‘லயம்’ என்றால் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை. ஊரிலிருந்து வந்த பேராசிரியருக்கு இது புரியாது, நாலாம் மாடிப் பாட்டிக்குப் புரியும். பாட்டி விளக்கத் தொடங்கினால் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது அன்றைக்குத் தலைகீழாகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிடுங்கள், காலை வணக்கப் பூக்களுக்கு வேறு குழு இருக்கட்டும். மாதத்துக்கு நாலு செய்தி போதும்: சந்திப்புக்கு மறுநாள் அடுத்த நூலின் பெயரும் படி விவரமும், பத்தாம் நாள் ‘கையில் கிடைத்ததா?’, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் நடத்துபவரின் இரண்டு கேள்வி, கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை இடமும் நேரமும். செலவுக்கு ஆளுக்கு 2 வெள்ளி, அன்றைக்கே பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணமாற்று). மிச்சம் சேர்த்து வைக்காதீர்கள். சேர்ந்தால் பதாகை அடிக்கலாமா என்று யாராவது கேட்பார்.

பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவரே எல்லாம் செய்யும் குழு, அவர் வீடு மாறிப் போகும் அன்று முடிந்துவிடும். அறைச் சாவி வாங்கும் தொடர்பு, நூலகத் தேடல் இரண்டும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

5.40க்கு அடுத்த மாத நூலைக் கையில் தூக்கிக் காட்டி, நடத்துபவர் யார், எத்தனை பக்கம் என்று சொல்லிவிடுங்கள். நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு சொன்னால் யார் காதிலும் விழாது.